மேனேஜரம்மா வீட்டில் அறை காலியில்லை

வீட்டுக்கு வந்தவரைப் பார்த்து "வாங்க, உக்காருங்க" என்று சொல்லத் தெரியாத மனிதர் உண்டா என்று நாம் அலட்சியமாக இருந்துவிட்டோம். அங்கேதான் ஏமாந்தோம். அந்த இரண்டு வார்த்தையை முறைப்படி சொல்வதற்கு மூன்று வருஷம் படிக்க வேண்டும், அளவெடுத்துச் சீருடை தைக்க வேண்டும், ஷூவில் முகம் தெரிய வேண்டும், கழுத்தில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று பல்லைக் காட்டிப் பழக வேண்டும் என்று நமக்குக் காட்டவே ஓர் இனம் கிளம்பியிருக்கிறது. ஓட்டல் நிர்வாகம் படிக்கிற இனம். உங்கள் தெருவிலும் ஒன்று இருக்கும். தன் வீட்டுக் கதவைத் தானே தட்டி, "உள்ளே வரலாமா?" என்று கேட்டுவிட்டு நுழைகிறதே, அதுதான்.

இந்த இனத்தை எப்படி அடையாளம் காண்பது? சுலபம். உங்களோடு ஓட்டலுக்குச் சாப்பிட வந்தால் சாப்பிடாது. தண்ணீர் டம்ளரை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக் கைரேகை தேடும். பரிமாறுகிறவர் எந்தத் தோள் பக்கமாக வந்தார் என்று பார்த்து உச்சுக் கொட்டும். பசியோடு உட்கார்ந்திருக்கிற உங்கள் மடியிலிருந்து துணியைப் பிடுங்கி, மடித்து மடித்து ஒரு பறவை செய்து திருப்பித் தரும். வாயைத் துடைக்கப் பறவையைப் பிரிக்க வேண்டுமே என்று நீங்கள் சங்கடப்படுவீர்கள். அது சங்கடப்படாது. அதற்குத்தான் சங்கடமே கிடையாதே, எப்போதும் சிரித்த முகம்!

அப்படி ஒருத்தியைத்தான் வீட்டில் எல்லோரும் மேனேஜரம்மா என்று கூப்பிட்டார்கள். இரண்டாம் வருஷம் படிக்கிறாள். அவள் விரிப்பு மாட்டிய கட்டிலில் அண்ணன் படுக்க வேண்டுமென்றால் முதலில் நாலு மூலையையும் பிய்த்தெடுக்க வேண்டும். அவ்வளவு இறுக்கமாகச் செருகியிருப்பாள், கால் நுழையாது. அப்பாவிடம் போய்க் கையைக் கட்டிக்கொண்டு லேசாகக் குனிந்து கேட்பாள்.

"டீ எப்படி வேணும்ப்பா?"

"கப்புல வேணும்மா."

அம்மா மட்டும் இதையெல்லாம் காதிலேயே போட்டுக்கொள்வதில்லை. "காலேஜ்ல காட்டற பல்லுல பாதியை வீட்ல காட்டினா போதும்" என்பாள், அவ்வளவுதான்.

மேனேஜரம்மாவுக்குத் தன்னைப் பற்றித் தெரியாமல் இல்லை. பயிற்சி உணவகத்தில் முதன்முதலாகச் சூப் பரிமாறியபோது அதை ஆசிரியர் மடியிலேயே பரிமாறியவள் அவள். அவர் துள்ளி எழுந்து, "சிரிப்பு நல்லா இருந்தது" என்று மார்க் போட்டுவிட்டுப் பேன்ட் மாற்றப் போனார். "சூப்பு போனாலும் சிரிப்பு போகல" என்று அவளே தோழிகளிடம் சொல்லிச் சிரிப்பாள். தன்னைப் பார்த்துத் தானே சிரிக்கத் தெரிந்தவர்கள் திருந்திவிடுவார்கள் என்று நீங்கள் நினைத்தால், மன்னிக்க வேண்டும், உங்களுக்கு எங்களைப் போன்றவர்களோடு பழக்கம் போதாது. எங்களைக் கேலி செய்துகொண்டேதான் நாங்கள் எல்லாத் தப்பையும் செய்வோம்.

இந்த நேரத்தில் அண்ணனுக்குக் கல்யாணம் வந்தது. சொந்தக்காரர்களைத் தங்கவைக்கும் பொறுப்பை, "நீதானே இதுக்குன்னே படிக்கறே" என்று அப்பா இவள் தலையில் கட்டினார். இவளுக்குத் தலைகால் புரியவில்லை. அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"யாரை எங்க வேணா போடு. பின்னாடி சின்ன ரூம் மட்டும் அக்காவுக்கு."

அக்கா என்றால் பெரியம்மா. தாத்தா படுத்த படுக்கையாகக் கிடந்த வருஷம், யார் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வது என்று தொடங்கிய பேச்சு எங்கெங்கோ போய், சகோதரிகள் இரண்டு பேரும் சொல்லக்கூடாததையெல்லாம் சொல்லி ஃபோனை வைத்தார்கள். பதினோரு வருஷம் யாரும் அதை மறுபடி எடுக்கவில்லை. இந்தக் கல்யாணத்துக்கு அம்மாதான் எடுத்தாள். "வரேன். ஒரு நாள் இருந்துட்டுப் போறேன்" என்று பெரியம்மா சொன்னதும் ஃபோனைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்த அறையின் திரைச்சீலையைத் துவைத்தாள். காய்ந்ததும், என்ன தோன்றியதோ, மறுபடியும் துவைத்தாள். அக்கா தன் கூரைக்குக் கீழே ஒரு நாள் படுத்து எழுந்தால் போதும், மற்றதெல்லாம் சரியாகிவிடும் என்று அவள் நம்பினாள்.

மேனேஜரம்மா அறையைப் பெரியம்மாவுக்குக் கொடுக்கத்தான் கொடுத்தாள். கூடவே அதே அறையைச் சித்தப்பா குடும்பத்துக்கும் கொடுத்தாள்.

ஏன் என்கிறீர்களா? படிப்பு! பெரிய ஓட்டல்கள் இருக்கிற அறைகளைவிடக் கூடுதலான பேருக்கு அறை தருவதாக ஒப்புக்கொள்ளும். சொன்னவர்கள் எல்லோரும் வந்துவிடப் போவதில்லை, சிலர் கடைசி நேரத்தில் நின்றுவிடுவார்கள், அறை வீணாகக் கூடாது. இது வகுப்பில் போன மாதப் பாடம். அதனால் ஃபோன் செய்த அத்தனை சொந்தத்துக்கும், "கண்டிப்பா வாங்க, ரூம் ரெடி" என்று தேன் ஒழுகச் சொன்னாள். மாமாவுக்கு லீவு கிடைக்காது. அத்தைக்குப் பஸ் ஒத்துக்கொள்ளாது. சித்தப்பாவுக்கு முட்டிவலி. இப்படி மனதுக்குள்ளேயே பாதிப் பேரைக் கழித்துவிட்டாள்.

ஓட்டலில் அறை எடுத்தவர் வராமல் போகலாம். கல்யாணத்துக்குக் கூப்பிட்ட சொந்தக்காரர் வராமல் போய் நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? மாமாவுக்கு லீவு கிடைத்தது. அத்தைக்குப் பஸ் ஒத்துக்கொண்டது. முட்டிவலி, மனைவி, மாமியார் மூன்றையும் அழைத்துக்கொண்டு சித்தப்பா மத்தியானமே வந்து இறங்கி, "எனக்கு ஏசி இல்லாம தூக்கமே வராது, சொல்லிட்டேன்!" என்று வாசலிலிருந்தே முழங்கினார். ஏசி இருந்தது அந்தச் சின்ன அறையில் மட்டும்தான். அம்மாவும் அப்பாவும் மண்டபத்தைப் பார்க்கப் போயிருந்தார்கள். சித்தப்பாவின் குரலுக்கு முன்னால் அம்மாவின் நிபந்தனையாவது ஒன்றாவது! கதவைத் திறந்துவிட்டு, விரல் ஐந்தையும் சேர்த்து நீட்டி, "இப்படி வாங்க" என்று வழிகாட்டினாள்.

சாயங்காலம் பெரியம்மா வந்தார். தனியாக, ஒரே ஒரு பையோடு, அழைப்பு மணியைப் பாதி அழுத்தி.

மேனேஜரம்மாவின் அறைக் கணக்கு உதைத்தது. ஆனால் அதற்கும் பாடம் இருந்தது. அறை பற்றாமல் போனால் யாராவது ஒருவரை வேறு ஓட்டலுக்கு அனுப்பத்தான் வேண்டும், யாரை அனுப்புவது? தனியாக வந்தவரை. ஒரே நாள் தங்குகிறவரை. கடைசியாக வந்தவரை. முக்கியமாக, கத்தாதவரை. பெரியம்மா எல்லாவற்றிலும் நூற்றுக்கு நூறு வாங்கினார்.

அவரை உட்காரவைத்துவிட்டு, உள்ளே போய் லாட்ஜுக்கும் ஆட்டோவுக்கும் ஃபோன் செய்தாள். தட்டில் வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, கண்ணைப் பார்த்து, குரலைத் தழைத்துச் சொன்னாள்.

"பெரியம்மா, இங்க ஒரே கூட்டம். உங்களுக்குத் தூக்கம் கெடக்கூடாதுன்னு மெயின் ரோடு லாட்ஜ்ல நல்ல ரூமா சொல்லி வச்சிருக்கேன். ஆட்டோ வாசல்ல நிக்குது."

பெரியம்மா டம்ளரைக் கீழே வைத்தார். பின்பக்கமாக ஒருதரம் பார்த்தார். அங்கே துவைத்த திரைச்சீலையில் சித்தப்பா கை துடைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா சொன்னாளா?" என்று கேட்டார்.

"இல்லை" என்பது பதில். ஒரே வார்த்தை. ஆனால் வந்தவரிடம் "இல்லை" என்று சொல்லவே கூடாது, வேறு ஏதாவது இதமாகச் சொல்ல வேண்டும் என்று இரண்டு வருஷமாக அவள் நாக்கைப் பழக்கியிருக்கிறார்களே! அந்த நாக்கு தானாகப் புரண்டது.

"உங்களுக்கு ஒரு குறையும் வரக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க பெரியம்மா."

பெரியம்மா அவள் சிரிப்பைப் பார்த்தார்.

"பரவாயில்லைம்மா" என்று சொல்லிப் பையை எடுத்துக்கொண்டார்.

ஒரு முகச்சுளிப்பு உண்டா? ஒரு குரல் உயர்ந்ததா? மேனேஜரம்மா பூரித்துப்போய், "முதல் கேஸ், புகார் இல்லாமல் முடிந்தது" என்று வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். கட்டைவிரல்களாக வந்து குவிந்தன.

அம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள். "அக்கா வந்தாளா?"

மேனேஜரம்மா நடந்ததை விவரித்தாள். கொஞ்சம் பெருமையாகவே விவரித்தாள். அம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்ததும் உடனே அடுத்த பாடத்துக்குத் தாவி, கையைக் கட்டி, தலையை ஆட்டி, "உங்க வருத்தம் எனக்குப் புரியுது" என்று ஆரம்பித்தாள்.

"அடியே, நான் உன் அம்மாடி!" வீடே திரும்பிப் பார்த்தது. "அவ என்ன கேட்டா? அப்படியே சொல்லு."

"அம்மா சொன்னாளான்னு கேட்டாங்க."

"நீ?"

சொன்னாள். அம்மா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். "பதினோரு வருஷம் கழிச்சு வாசல் ஏறினவளை நானே வெளில அனுப்பினேன்னு போயிருக்கா. இல்லைன்னு ஒரு வார்த்தை, உன் வாயில வரலையா?" என்றாள். திட்டியிருந்தால் தேவலை. அம்மா அழுதாள். பிறகு எழுந்து, சொல்லாமல் கொள்ளாமல் வாசலை நோக்கி நடந்தாள்.

"அண்ணி, காபி...?" என்றார் சித்தப்பா.

"மேனேஜர் இருக்காளே, கேளுங்க."

மாப்பிள்ளையின் அம்மா வீட்டை விட்டே போய்விட்டாள். மேனேஜரம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முகத்தில் அந்தச் சிரிப்பு மட்டும் கழற்ற மறந்த ஹெல்மெட் மாதிரி மாட்டிக்கொண்டிருப்பது அவளுக்கே தெரிந்தது. சீ என்று இருந்தது. நேரே சின்ன அறைக்குப் போனாள். கதவைத் தட்டவில்லை.

"சித்தப்பா, இந்த ரூம் உங்களுக்கு இல்லை. ஹாலுக்கு வாங்க."

"என்னது?"

"இல்லை சித்தப்பா. பெரியம்மாவோடது. நான்தான் தப்பாக் கொடுத்துட்டேன்."

சித்தப்பா கத்தினார். ஏசி என்றார், முட்டி என்றார், தன்னை அவமானப்படுத்தத்தான் கூப்பிட்டீர்களா என்றார், கல்யாணத்துக்கே இருக்கப்போவதில்லை என்றார். இவள் அவர் பெட்டியைத் தூக்கி ஹாலில் வைத்தாள். மனைவியும் மாமியாரும் பின்தொடர, பேசிக்கொண்டே வந்த சித்தப்பா, பேசிக்கொண்டே சோபாவில் சாய்ந்தார். இவள் செருப்பு மாட்டி முடிப்பதற்குள் குறட்டை கேட்டது. இதற்கா இவ்வளவு பயந்தோம் என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

லாட்ஜில் அக்காவும் தங்கையும் கட்டிலின் இரண்டு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். இருவர் கண்ணும் சிவந்திருந்தது. "எல்லாம் சொல்லிட்டேன்" என்றாள் அம்மா. "கிளம்ப மாட்டேங்கறா."

"வீட்டுக்கு வாங்க பெரியம்மா. ரூம் இருக்கு" என்றாள் மேனேஜரம்மா.

"எதுக்கும்மா உங்களுக்குச் சிரமம்? காலைல மண்டபத்துக்கு வந்துடறேன். பரவாயில்லை."

அதே வார்த்தை. சாயங்காலம் புகார் இல்லை என்று அவள் கணக்கில் எழுதிக்கொண்டாளே, அதே வார்த்தை. எவ்வளவு பெரிய புகார் அது என்று இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பாடத்தில் சொன்ன எதுவும் நினைவுக்கு வரவில்லை. பெரியம்மாவின் பையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு, மூக்கால் அழுதுகொண்டே சொன்னாள்.

"பரவாயில்லைன்னு சொல்லாதீங்க பெரியம்மா. என்னைத் திட்டுங்க. தயவுசெஞ்சு திட்டுங்க."

பெரியம்மா திட்டினார். அடேயப்பா! அந்த உடம்புக்குள் அவ்வளவு குரல் எங்கே இருந்தது? லாட்ஜ் படியில் தொடங்கி, மெயின் ரோட்டைக் கடந்து, தெருமுனை வரை. "இடம் இல்லை பெரியம்மா, என்ன பண்றதுன்னு என்னைக் கேட்டிருந்தா, அடுப்படியில உங்கம்மா பக்கத்துல பாயைப் போட்டிருப்பேனேடி! எனக்கு எதுக்குடி ஏசி? ஆட்டோ நிக்குதாம் ஆட்டோ! மூஞ்சியில வேற அந்தச் சிரிப்பு!" அம்மாவும் சேர்ந்துகொண்டாள். திட்டுகிற விஷயத்தில் அக்காவுக்கும் தங்கைக்கும் எப்போதுமே ஒற்றுமை போலிருக்கிறது; பாதி வழியில் இருவரும் கை கோத்திருந்ததை அவர்களே கவனிக்கவில்லை. மேனேஜரம்மா பையைச் சுமந்துகொண்டு, இவ்வளவு சந்தோஷமாக வாழ்க்கையில் திட்டு வாங்கியதில்லையே என்று பின்னால் நடந்தாள். வீட்டுக்குப் போனதும் இரண்டு பேரும் அடுப்படியை விட்டு நகரவே இல்லை. சின்ன அறை காலியாகவே கிடந்தது.

நீங்கள் நன்றாகச் சிரித்திருப்பீர்கள். சிரியுங்கள். ஓட்டல் நிர்வாகம் படிக்கிற பெண் உங்கள் வீட்டில் இல்லைதான். ஆனால் காரில் இடம் பற்றாதபோது, "நீங்க பஸ்ல வந்துடுங்களேன்" என்று யாரிடம் சொல்கிறீர்கள்? ஃபோட்டோ எடுக்கும்போது கேமராவை யார் கையில் கொடுக்கிறீர்கள்? சாப்பாடு குறைந்தால் யார் கடைசிப் பந்திக்கு ஒதுங்குகிறார்? முகம் ஒன்று மனதில் வந்துவிட்டது, இல்லையா? அப்படியானால் ஒரு நாள்கூட வகுப்புக்குப் போகாமலே நீங்கள் பட்டம் வாங்கிவிட்டீர்கள், வாழ்த்துகள். "சேச்சே, எங்க வீட்ல அதுக்காக யாரும் வருத்தப்பட்டதே இல்லை" என்கிறீர்களா? நம்புகிறேன். உங்களிடம் "பரவாயில்லை" என்றுதான் சொல்லியிருப்பார்.