இரவல் கோட்டும் சொந்த முகமும்

காலை ஏழு மணிக்கு ஹேவொன் குளியலறைக் கண்ணாடி முன் நின்று, தன் முகத்தையும் கைப்பேசியில் இருந்த தன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டுக்கும் தூரத்து உறவுகூட இல்லை.

வறுத்த கடற்பாசி விற்கும் கம்பெனியிலிருந்து நேற்று மின்னஞ்சல் வந்திருந்தது. பத்து மணிக்கு நேர்முகத் தேர்வு. போன தடவை ஒருவருக்குப் பதில் இன்னொருவர் வந்து உட்கார்ந்துவிட்டதால், இந்தத் தடவை விண்ணப்பப் படத்தோடு முகம் ஒத்துப்போனால்தான் உள்ளே விடுவார்களாம்.

பதினாறு கம்பெனிகள் அவளைக் கூப்பிடவே இல்லை. பதினேழாவது கூப்பிட்டிருக்கிறது. புதுப் படம் போட்டதால்தான் கூப்பிட்டார்கள் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

வழக்கமாக ஸ்டுடியோக்காரர் பக்கத்தில் உட்கார வைத்து, தாடையைக் குறைக்கவா, கண்ணைப் பெரிதாக்கவா என்று கேட்டுக் கேட்டுத் திருத்துவார். அவள் படம் எடுக்கப் போன அன்று விண்ணப்பிக்கக் கடைசி நாள். படிக்கட்டுவரை வரிசை. ஸ்டுடியோவின் இரவல் கருநீலக் கோட்டை மாட்டி, தலையை வாரி, ஒரு சொடுக்கு. "போய்ட்டு வாங்க, படம் போனுக்கு வரும்" என்றுவிட்டார். வந்தது. மடிப்பு விழுந்த பெரிய இமைகள், கூரான தாடை. உதட்டோர மச்சத்தைக் காணவில்லை. அம்மா அதைத் தோழிகளுக்கெல்லாம் அனுப்பி, 'அப்படியே என் சாயல்' என்று எழுதியிருந்தாள்.

"அது நீ இல்லைன்னு நான் அன்னைக்கே சொன்னேன்கா" என்றாள் தங்கை சோதம், பல் துலக்கிக்கொண்டே.

"பொய் சொல்லாத. 'நல்லா வேலை செஞ்சிருக்காங்க'ன்னு சொன்ன."

"ரெண்டும் ஒண்ணுதானே."

சோதம் தன் ஒப்பனைப் பெட்டியைத் திறந்தாள். இமையில் மடிப்பு விழ வைக்கும் டேப்பை ஒட்டினாள். ஒரு கண் வியந்தது, மறு கண் தூங்கியது. சரிசெய்ய இன்னொன்று ஒட்டினாள். இப்போது இரண்டு கண்ணும் பேயைக் கண்டதுபோல் விரிந்தன.

"கண்ணைச் சிமிட்டாத."

"பத்து மணி வரைக்கும் எப்படிடி சிமிட்டாம இருக்கிறது?"

"வேலை வேணுமா வேணாமா?"

மச்சத்தின் மேல் மூன்று அடுக்குப் பூச்சு. தாடையின் இரு பக்கமும் தோல்நிற ஸ்டிக்கரை வைத்து, காதுக்குப் பின்னால் இழுத்து ஒட்டினாள். தாடை கூர்மையானது. கூடவே வாயும் மேலே இழுபட்டு, சிரித்தபடி நின்றுவிட்டது.

"என்னால வாயை மூட முடியலை."

"சிரிச்ச முகமா இருந்தா நல்லதுதானே. மேலாளர் திட்டினாக்கூட சிரிப்ப."

பூசான் நகரில் மழைக்காலம். சுரங்க ரயிலில் ஈரக் குடைகளும் வியர்வையும். எதிரில் இருந்த அம்மாள் ஹேவொனைப் பார்த்துப் பதிலுக்குச் சிரித்தாள். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு பெட்டிக்குப் போனார். கம்பெனி வாசலை அடையும்போது இடப்பக்க ஸ்டிக்கர் கழன்று, பாதி முகம் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது.

கழிவறைக்கு ஓடினாள். அங்கே இன்னொரு பெண் கண்ணாடியோடு ஒட்டி நின்று, புருவப் பென்சிலால் உதட்டோரம் ஏதோ திருத்திக்கொண்டிருந்தாள். கன்னத்தில் அப்பியிருந்த பவுடரைப் பார்த்தால் முகத்தை உருண்டையாக்க முயன்றதுபோல் இருந்தது.

"நீங்களும் நேர்முகத்துக்கா?" என்றாள் ஹேவொன், பாதிச் சிரிப்போடு.

"ஆமாங்க. என் பேரு உன்பி. படத்துல இருக்கிற மாதிரி வரவே மாட்டேங்குது. இருபது இடத்துல கேட்டேன், ஒருத்தரும் கூப்பிடலை. இந்தப் படத்தைப் போட்டதும் கூப்பிட்டுட்டாங்க."

"எனக்கும் அதே கதைதான். பசை இருக்கா?"

"இருக்கு. பஞ்சு இருக்கா?"

கொடுத்து வாங்கிக்கொண்டார்கள். கழலப் பார்த்த டேப்பை நிறுத்த ஹேவொன் பசையை இமையில் தடவினாள். கண் எரிந்தது. நீர் வழிந்து, மச்சத்தின் மேலிருந்த பூச்சில் ஓடை கட்டியது. உன்பி பதறிப்போய்ப் பஞ்சால் ஒற்றப் போக, வலது ஸ்டிக்கரும் கையோடு வந்தது.

பத்தாக ஐந்து நிமிடம் இருந்தது.

கதவருகே மேசை போட்டு, மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றியபடி காவலாளி உட்கார்ந்திருந்தார்.

"யாங் ஹேவொன்?"

"நான்தான் சார்."

கண்ணாடியை இறக்கினார். படம் ஒட்டிய விண்ணப்பத் தாளைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "இது யாரும்மா?"

"நான்தான். கொஞ்சம் திருத்தியிருக்காங்க."

"கொஞ்சமா? காதே வேற காதா இருக்கு."

"இப்பல்லாம் காதையும் திருத்துறாங்க சார்."

"தள்ளி நில்லு. அடுத்து, பார்க் உன்பி."

உன்பி வந்து நின்றாள். காவலாளி பெருமூச்சு விட்டார். "இதுவும் வேற ஆளா?"

"ஸ்டுடியோல அழகாக்கிட்டாங்க சார். நானும் முடிஞ்சவரைக்கும் அதே மாதிரி வந்திருக்கேன்."

"எந்த ஸ்டுடியோ?"

"பேருந்து நிலையத்துக்கு எதிர்ல, மாடியில" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

பதினேழாவதும் போயிற்று என்று ஹேவொனுக்குத் தெரிந்துவிட்டது. இனி யாருக்காகச் சிமிட்டாமல் இருப்பது? டேப்புகளைப் பிய்த்தாள். கைக்குட்டையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். மூன்று மணி நேரத்தில் முதல் தடவையாக நிம்மதியாகக் கண்ணைச் சிமிட்டினாள்.

காவலாளி அவளையே பார்த்தார். பிறகு உன்பியைப் பார்த்தார். அவள் உதட்டோரம் வரைந்திருந்த மச்சம் வியர்வையில் தாடைவரை இறங்கியிருந்தது. அவர் இரண்டு தாளையும் மேசையில் பக்கம் பக்கமாக வைத்தார். இரண்டிலும் ஒரே கருநீலக் கோட்டு. உன்பியின் தாளை எடுத்து ஹேவொனின் கன்னத்தருகே பிடித்தார். ஹேவொனின் தாளை எடுத்து உன்பியின் கன்னத்தருகே பிடித்தார்.

"ரெண்டு பேரும் போய் முகத்தைக் கழுவிட்டு வாங்கம்மா" என்றார். "படத்தை நான் மாத்தி ஒட்டி வைக்கிறேன்."