மறுமுயற்சிப் பிரிவு, இரண்டாம் கவுண்டர்

செய்த காரியம் சரிவராதபோது அதைத் திரும்பச் செய்து பார்ப்பதற்கு மறுமுயற்சி என்று பெயர். ஓ.எல். பரீட்சையில் கணக்கில் பெயிலான ஆளுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. எங்கள் பக்கம் பரீட்சை எழுதப்போகிறேன் என்றாலே "எத்தனாவது ஷை?" என்றுதான் கேட்பார்கள். ஷை என்றால் தடவை. போன வருஷம் எனக்கு ரெண்டாவது ஷை.

ஆனால் எங்கள் ஊர் அலுவலகம் ஒன்றுக்கு இந்தச் சொல் போன வருஷம் மே மாதந்தான் கிடைத்தது. எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் இல்லை என்று எழுதிக் கொடுக்க நான்தான் நாலு தடவை அலையவேண்டி வரும்.

அலுவலகத் தலைவர் தியாகராஜா சேர் கண்டியில் ரெண்டு நாள் பயிற்சிப் பட்டறைக்குப் போனார். ஒரு பைல், ஒரு பேனா, ஒரு சொல் ஆகிய மூன்றோடும் திரும்பி வந்தார். உற்பத்தித்திறன் போட்டியில் அலுவலகம் பரிசு வாங்கவேண்டுமானால் பொதுமக்களின் மறுமுயற்சியை ஊக்குவிக்க வேண்டும் என்று அங்கே சொன்னார்களாம். அடுத்த வாரமே மூன்று மொழியிலும் பலகை மாட்டினார்கள். "நாளைக்கு வாங்க" என்று சொல்வது அன்றோடு தடைசெய்யப்பட்டது. அதற்குப் பதிலாக ரோஸ் நிற அட்டை ஒன்றைக் கொடுத்து, "தங்களுக்கு மறுமுயற்சி வாய்ப்பு வழங்கப்படுகிறது" என்றார்கள். கன்டீன்காரர் நேற்றைய ரோல்ஸைச் சூடாக்கி அதையும் மறுமுயற்சி என்றே விற்றார்.

முதலாம் கவுண்டரில் முதல் தடவை வருபவர்கள். அங்கே உட்காரக்கூட எதுவும் இல்லை. இரண்டாம் கவுண்டரில் திரும்ப வருபவர்கள். அங்கே புதுக் கதிரை, காற்றாடி, செயற்கைப் பூச்சாடி எல்லாம் இருந்தன.

எனக்குத் தேவைப்பட்டது அடையாள அட்டை விண்ணப்பத்தில் ஒரு சீல். வெள்ளிக்கிழமைக்குள் அதை அனுப்பிய ரசீதோடு வராவிட்டால் இந்த வருஷம் பரீட்சையை மறந்துவிடு என்று, பரீட்சை விண்ணப்பம் நிரப்பித் தரும் கொமினிகேஷன் கடை அக்கா சொல்லியிருந்தார்.

திங்கட்கிழமை போனேன். கவுண்டரில் இராஜகுமாரி மிஸ். என் போர்மை மேலிருந்து கீழே படித்தார். பிறகு கீழிருந்து மேலே படித்தார். போட்டோவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மிஸ்ஸின் முகம் வாடிவிட்டது.

"எல்லாம் சரியா இருக்கே தங்கச்சி."

"அப்ப சீல் அடிங்க மிஸ்."

"முதல் தடவையிலேயே முடிஞ்சா இந்தப் பதிவேட்ல நான் எதை எழுதுறது?"

பதிவேட்டை எனக்கும் காட்டினார். பெயர், நிராகரித்த காரணம், மறுமுயற்சித் திகதி என்று மூன்று நிரல்கள். எதையும் வெறுமையாக விடக்கூடாது என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. மிஸ் உள்ளே போய் சேரிடம் கேட்டு வந்து, நிராகரித்த காரணம் என்ற இடத்தில் "குறைபாடின்மை" என்று அழகான கையெழுத்தில் எழுதினார். எனக்கு ரோஸ் அட்டை கிடைத்தது.

செவ்வாய்க்கிழமை இரண்டாம் கவுண்டரில் புதுக் கதிரையில் உட்கார்ந்தேன். அதே மிஸ்தான் எழுந்து இந்தப் பக்கம் வந்திருந்தார். என் போர்மைப் பார்த்துவிட்டு ஒரு சுற்றறிக்கையை எடுத்து வாசித்தார். மறுமுயற்சி எனப்படுவது முதல் முயற்சியினின்றும் ஏதேனும் ஒரு வகையில் வேறுபட்டதாக இருத்தல் வேண்டும். வேறுபாடு இல்லாதவிடத்து அது மீள்வருகை மாத்திரமே.

"நேத்து கொண்டுவந்ததையே இன்னைக்கும் கொண்டுவந்திருக்கீங்க. இது மீள்வருகை, தங்கச்சி. சும்மா திரும்பி வர்றது."

"நேத்து அது சரின்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சரிதான். சரியா இருக்கிறத எப்படித் திருத்துவீங்க?"

பக்கத்துக் கதிரையில் இருந்த த்ரீவீல் ஓட்டும் சுதேஷ் அண்ணன் சிரித்தார். குடியிருப்பை உறுதிசெய்யும் ஒரு விலாசக் கடிதத்துக்காக அவர் ஏழு ரோஸ் அட்டை சேர்த்திருந்தார். "புதுசா வந்திருக்கியா? நாளைக்கு ஒரு பிழையோட வா. அவங்க கண்டுபிடிப்பாங்க. அடுத்த நாள் திருத்திக்கிட்டு வா. அவங்களுக்கும் சந்தோஷம், நமக்கும் வேலை ஆகும்" என்றார். அவருக்கு ஏன் இன்னும் ஆகவில்லை என்று கேட்டேன். போட்ட பிழையை, இங்கே வருமுன் அவரே மறந்துபோய்த் திருத்திவிடுகிறாராம்.

புதன்கிழமை அம்மாவின் பெயரைப் பாப்பம்மா என்பதற்குப் பதில் புஷ்பம் என்று எழுதிக்கொண்டு போனேன். மிஸ் ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டார். அப்படியொரு சந்தோஷம். சேர் வெளியே வந்து, நான் பிழையைச் சுட்டிக்காட்டுவது போல ஒரு போட்டோ எடுக்கச் சொன்னார். வியாழக்கிழமை போட்டி நடுவர்கள் வருகிறார்கள், மகள், நீங்க கட்டாயம் வந்து நாலு வார்த்தை பேச வேண்டும் என்றார்.

வியாழக்கிழமை நடுவர்கள் மூன்று பேர் வந்தார்கள். எனக்கு முன்வரிசையில் இடம் கிடைத்தது. நாலு நாட்களாகத் தளராமல் முயலும் முன்மாதிரி யுவதி என்று சேர் என்னை அறிமுகப்படுத்தினார். நடுவில் இருந்த பெண் நடுவர், இந்த நாலு நாளில் நான் என்ன மாற்றம் செய்தேன் என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்ல மேடம். இது திங்கக்கிழமை கொண்டுவந்த அதே போர்ம்தான். நடுவுல ஒரு பிழைய நானே எழுதி நானே வெட்டினேன். நாளைக்கு எனக்குக் கடைசி நாள்."

நடுவர் குனிந்து எதையோ எழுதினார். நான் அடுத்து வாயைத் திறப்பதற்குள் சேர் தன் கையாலேயே என் போர்மை வாங்கி, கையொப்பம் போட்டு, சீலும் அடித்துக் கொடுத்துவிட்டார். சுதேஷ் அண்ணனும் எழுந்து பேசப்போவதுபோல் தொண்டையைச் செருமினார். அவருக்கும் அடித்துக் கொடுத்தார்.

பரிசு கிடைக்கவில்லை. அலுவலகத்தின் பைலில் பதினோராம் பக்கத்தில் ஒரு கையொப்பம் குறைகிறதாம். அடுத்த வருடம் மறுமுயற்சி செய்யுமாறு நடுவர்கள் எழுதிவிட்டுப் போனார்கள்.

நான் வெள்ளிக்கிழமை ரசீதைக் காட்டி, பரீட்சைக்கு விண்ணப்பித்து, எழுதியும் முடித்தேன். கணக்குக்கு டபிள்யூ, அதாவது பெயில். போன தடவையும் அதே டபிள்யூதான்.

இந்த வருஷம் மே மாதம் விலாசக் கடிதம் ஒன்று தேவைப்பட்டு அங்கே போனேன். சேரும் மிஸ்ஸும் மேசையில் குனிந்து, போன வருஷத்துப் பைலுக்குப் புது அட்டை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளே பதினோராம் பக்கம் கையொப்பம் இல்லாமல் அப்படியே இருந்தது.

"சேர், இது பழைய பைல்தானே?"

"மறுமுயற்சி, மகள்." பசை காயட்டும் என்று பைலை ஓரமாக வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்க எதுக்கு?"

"விலாசக் கடிதம், சேர். கணக்குப் பரீட்சைக்கு. மூணாவது ஷை."

"படிக்கிறீங்களா?"

ஓம், படிக்கிறேன் என்று சொல்லி, பையிலிருந்து கணக்குக் கொப்பியை எடுத்துக் காட்டினேன். புது பிரவுண் பேப்பர் உறை, புது லேபல். சேர் உள்ளே திறந்து பார்த்தார். ஆறாவது பக்கத்தோடு எழுத்து முடிந்திருந்தது. திகதி ரெண்டு வருஷம் பழையது. போன வருஷம் அந்த நாலு நாளும் இந்தக் கொப்பி என் பையில்தான் இருந்தது. புதுக் கதிரையில் மணிக்கணக்கில் உட்கார்ந்தும் நான் அதை வெளியே எடுக்கவில்லை.

சேர் பதிவேட்டை இழுத்து, மீள்வருகை என்று தலைப்பிட்ட பக்கத்தில் என் பெயரை எழுதினார். மதுஷா, கணக்கு.

நான் பேனாவைக் கேட்டு வாங்கி, அதற்குக் கீழே அலுவலகத்தின் பெயரை எழுதினேன். சேர் தடுக்கவில்லை.

இராஜகுமாரி மிஸ் ரெண்டு வரியையும் மேலிருந்து கீழே படித்தார். ஒரு பிழையும் இல்லை. முதல் தடவையிலேயே ரெண்டுக்கும் சீல் அடித்தார்.