எடைக் கிராணியும் மூன்று கிலோப் பேத்தியும்

பாடாங் செராய்,
வியாழக்கிழமை, காலை மணி பத்து.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தியம்மா குணசுந்தரி அவர்களின் சமூகத்துக்கு, பரஞ்சோதி பணிவுடன் எழுதிக்கொள்வது.

இங்கு நானும் என் மனைவி தேவகியும் மகள் ரூபினியும், பிறந்து எட்டு நாளான நம் பேத்தியும் மாரியம்மன் புண்ணியத்தில் சுகம். அங்கு தங்கள் முழங்கால் வலி இறங்கி, கோழிகள் ஒழுங்காக முட்டையிட்டு, தாங்கள் நிம்மதியாக இருக்க வேண்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமை தாங்கள் வந்து பேத்தியின் காலில் போட்ட நூறு கிராம் வெள்ளித் தண்டைக்கு மறுபடியும் நன்றி. முப்பதாம் நாள் போடுவதுதான் வழக்கம். தங்கள் ஆசைக்கு நாள் கிழமை ஏது, நாலாம் நாளே போட்டுவிட்டீர்கள். அந்தத் தண்டையைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நினைப்பீர்கள். என் கைப்பேசியை ரூபினி பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள். அந்தக் கைப்பேசியில் செவ்வாய்க்கிழமை மத்தியானம் நான் பதறிப்போய்த் தங்களிடம் சொன்னேனே, "பால் பத்தலைங்க, பிள்ளை குடிக்கக் குடிக்க எடை கொறையுது" என்று, அது முழுக்க முழுக்கத் தவறு. அதை இதன் மூலம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். நாளை வெள்ளிக்கிழமை வார லீவில் ஆறு பால்மாவு டின்னோடு மோட்டார் காடியில் வந்து, தாயையும் பிள்ளையையும் தங்கள் குருண் வீட்டுக்கு ஏற்றிக்கொண்டு போவதாகச் சொன்னீர்கள். தங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், டின்னும் வேண்டாம், காடியும் வேண்டாம். இதை மாப்பிள்ளை சசிதரனையே தங்களிடம் சொல்லச் சொன்னேன். "எங்கம்மாகிட்ட நான் சொல்ல முடியாது மாமா. நீங்க கிளப்பிவிட்டது, நீங்களே அடக்குங்க" என்கிறார். இன்று மத்தியானம் ஷிஃப்டுக்காகக் குருணுக்குத் திரும்புகிறார். கடிதத்தை மட்டும் கொண்டுவரச் சம்மதித்திருக்கிறார்.

தாங்கள் அறியாததல்ல, இருந்தாலும் சொல்கிறேன். நான் முப்பத்தெட்டு வருஷம் செம்பனை எண்ணெய் ஆலையில் எடைக் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தவன். பழக்குலை ஏற்றிய லாரி எடைமேடையில் வந்து நிற்கும், எடை போடுவேன். உள்ளே போய்ப் பழத்தைக் கொட்டிவிட்டு வெறும் லாரியாகத் திரும்பும், மறுபடி எடை போடுவேன். முதல் எடையில் இரண்டாவதைக் கழித்தால் மிச்சம் பழம். இவ்வளவுதான் என் வேலை, எனக்குத் தெரிந்த உலகமும் இவ்வளவுதான். ஆனால் இதிலேயும் தில்லுமுல்லு செய்வார்கள். வரும்போது ஸ்பேர் டயரோடு மேடை ஏறுவான் டிரைவர். உள்ளே போனதும் அதைப் புல்லுக்குள் உருட்டிவிட்டு, டயர் இல்லாமல் இரண்டாவது எடைக்கு வந்து நிற்பான். டயரின் எடையும் பழத்தின் எடையாகிவிடும். அப்படி எத்தனை பேரை நான் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறேன் தெரியுமா. "பரஞ்சோதி கண்ணுல மண்ணத் தூவ முடியாதுடா" என்று டிரைவர்களே பேசிக்கொள்வார்கள். இதைப் பெருமைக்காக எழுதவில்லை. கீழே நான் அவமானப்படப் போகிறேன், அதற்கு இது தேவைப்படும்.

பேத்தி பிறந்தபோது மூன்று கிலோ நூறு கிராம். திங்கட்கிழமை கிளினிக்கிலிருந்து தாதி மிஸ்ஸி ஷீலா வீட்டுக்கு வந்து எடை பார்த்தபோது இரண்டு கிலோ தொள்ளாயிரம். "பொறந்த பிள்ளைங்களுக்கு மொத அஞ்சு நாள் கொஞ்சம் எடை கொறையும் அங்கிள், ரெண்டு வாரத்துக்குள்ள திரும்ப ஏறிடும்" என்று சிரித்துச் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். இருநூறு கிராம், சம்பந்தியம்மா. நூற்றுக்கு ஆறரைப் பங்கு. ஆலையில் நூற்றுக்கு ஆறரை குறைந்தால் மானேஜர் என்னை நாற்காலியில் உட்காரவிட மாட்டார். பேத்தியோ இரண்டு மணிக்கொரு தரம் அழுகிறாள், குடிக்கிறாள், தூங்குகிறாள், எழுந்து மறுபடி அழுகிறாள். என்ன குடித்தாள், எவ்வளவு குடித்தாள், ஒருவருக்கும் தெரியாது. புட்டியாக இருந்தால் அதில் கோடு இருக்கும். இதில் கோடு இல்லை, எண் இல்லை, சீட்டு இல்லை. ரூபினியைக் கேட்டால், "குடிக்கிறாப்பா" என்கிறாள். எவ்வளவு என்றால், "அவளுக்கு வேணுங்கிற அளவு" என்கிறாள். முப்பத்தெட்டு வருஷத்தில் எந்த டிரைவரும் என்னிடம் "வேணுங்கிற அளவு" என்று சொல்லிவிட்டுத் தப்பியதில்லை.

ஆகவே செவ்வாய்க்கிழமை காலை தெருமுனை மளிகைக்கடைத் தர்மலிங்கத்திடம் போய், வெங்காயமும் நெத்திலியும் நிறுக்கிற மின்தராசை ஒருநாள் இரவல் கேட்டேன். எதற்கு என்றான். குடும்ப விஷயம் என்றேன். ஹாலில் கொண்டுவந்து வைத்து, சொருக இடமில்லாமல் ஐஸ்பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அங்கே சொருகினேன். நெத்திலி வாடைக்குத் தேவகி துண்டு விரித்தாள். முதலில் பிள்ளையை வெறும் உடம்போடு படுக்கவைத்தேன். எண் நிற்பதற்குள் அவள் தராசின் பட்டன்கள்மேல் ஒன்றுக்குப் போய்விட்டாள். தராசு கொஞ்ச நேரம் எட்டு எட்டாகக் காட்டியது. துடைத்துக் காயவைத்தபின், இது சரிவராது, லாரியைத் தார்ப்பாயோடுதானே எடை போடுவோம் என்று யோசித்து, பேம்பர்ஸ், சட்டை, தொப்பி, கையுறை, காலுறை, தாங்கள் போட்ட தண்டை, எல்லாவற்றோடும் எடை போட்டேன். மூன்று கிலோ நூற்றிருபது. நோட்டில் எழுதிக்கொண்டேன். பழக்கதோஷத்தில், "டிரைவர் இறங்கியாச்சா?" என்று கேட்டுவிட்டேன் போலிருக்கிறது. ரூபினி பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு, "எம் பிள்ளை என்ன லாரியாப்பா?" என்று கேட்டுவிட்டு அறைக்குள் போனாள்.

இருபது நிமிஷம் குடித்தாள். நான் அறைக்கு வெளியே கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றேன். தேவகிதான் உள்ளேயிருந்து பிள்ளையைக் கொண்டுவந்து கொடுத்தாள். அதே பேம்பர்ஸ், அதே சட்டை, அதே தொப்பி. தராசில் வைத்தேன். மூன்று கிலோ தொண்ணூறு. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். தொண்ணூறுதான். இருபது நிமிஷம் குடித்த பிள்ளை முப்பது கிராம் இளைத்திருக்கிறாள். அறைக்குள் போன எடையைவிட வெளியே வந்த எடை குறைவு என்றால் அர்த்தம் என்ன, பால் பிள்ளைக்குள் போகவில்லை, பிள்ளையிலிருந்து என்னவோ எங்கேயோ போகிறது என்றுதானே. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அப்போதுதான் தங்களை அழைத்தேன்.

ஆலை இரைச்சலில் வேலை செய்தவன் ஆனதால், கைப்பேசியில் எப்போதும் ஸ்பீக்கர் போட்டே பேசுவேன். தாங்கள் அன்று, "நான் அப்பவே சொன்னேன்ல. ஒல்லிக்குச்சி மாதிரி இருக்கு அந்தப் பொண்ணு, பால் எங்கேருந்து வரும்? நான் டின்னு கொண்டாறேன், பிள்ளைய இங்க கூட்டியாந்துடுறேன்" என்றீர்களே, அது ஹாலிலும் கேட்டது, அறையிலும் கேட்டது, பக்கத்து வீட்டிலும் கேட்டிருக்கும். தாங்கள் அக்கறையில் சொன்னீர்கள், எனக்குத் தெரியும். ரூபினி கதவைத் திறந்து வந்தாள். கண் சிவந்திருந்தது. "சரிப்பா. எனக்குப் பால் இல்லைன்னு ரெண்டு வீடும் முடிவு பண்ணிட்டீங்க. டின்னையே குடுங்க" என்றாள். அவளுக்குத் தாய்ப்பால் மட்டும்தான் கொடுக்கவேண்டும் என்று கர்ப்பத்தின் மூன்றாம் மாசத்திலிருந்து ஆசை. அதை நான் அரை மணி நேரத்தில் ஒரு வெங்காயத் தராசை வைத்து உடைத்துவிட்டேன். அன்று சாயங்காலம் முழுக்க அழுதாள். மடியில் பிள்ளை அழ, பிள்ளையைப் பார்த்து இவளும் அழுதாள். இதற்கு நடுவில் ஐஸ்பெட்டியின் பிளக்கை மாட்ட மறந்துவிட்டேன். பால் ஊறட்டும் என்று தேவகி தேடிப்பிடித்து வாங்கி வைத்திருந்த பால்சுறா கெட்டுப்போய், அந்த வாடையில் தேவகியும் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

நேற்றுப் புதன்கிழமை மிஸ்ஸி ஷீலா மறுபடி வந்தார். அவர் பிள்ளையின் உடுப்பையெல்லாம் கழற்றிவிட்டுத் தம் தராசில் வைத்தார். இரண்டு கிலோ தொள்ளாயிரத்து எண்பது. "ரெண்டு நாள்ல எம்பது கிராம் ஏறியிருக்கா. நல்லா இருக்கா லா" என்றார். நான் விடவில்லை. நோட்டைக் காட்டினேன். முன் எடை, பின் எடை, முப்பது கிராம் நஷ்டம். அவர் நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ரெண்டு தரமும் ஒரே உடுப்பா அங்கிள்?" என்றார். சத்தியமாக ஒரே உடுப்பு, நூல் பிசகவில்லை என்று அடித்துச் சொன்னேன். ஓரமாக நின்றுகொண்டிருந்த தேவகி அப்போதுதான் கைலி முடிச்சை அவிழ்த்து எதையோ மேசைமேல் வைத்தாள். தண்டை. "குடிக்கிறப்ப காலை ஒதைச்சுக்கிட்டே இருந்தா. தண்டை ரூபினி வயித்துல கீறிச்சு. கழட்டி வச்சேன். இவருதான் எதையும் கேக்கலையே" என்று மிஸ்ஸியிடம் சொன்னாள்.

சம்பந்தியம்மா, ஸ்பேர் டயர். என் சொந்த வீட்டில், என் சொந்த மனைவி, என் மூக்குக்குக் கீழே டயரை உருட்டிவிட்டிருக்கிறாள், நான் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். தண்டையை மட்டும் தராசில் வைத்தேன். எழுபது கிராம் காட்டியது. எழுபதில் முப்பதைக் கழித்தால் நாற்பது. பேத்தி அன்று நாற்பது கிராம் பால் குடித்திருக்கிறாள். தண்டை நூறு கிராம் என்று தாங்கள் சொன்னால் அது நூறு கிராம்தான். தர்மலிங்கத்தின் தராசு வெங்காயத் தராசுதானே, அதற்கு வெள்ளி எங்கே தெரியப்போகிறது. அதைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன்.

மிஸ்ஸி சிரித்து முடித்தபின் ரூபினியின் பக்கத்தில் உட்கார்ந்தார். "உள்ள போறத அளக்க முடியாது, வெளிய வர்றத எண்ணலாம் அங்கிள். நேத்து எத்தனை பேம்பர்ஸ் ஈரம்?" என்றார். ஏழு என்றாள் தேவகி. "ஆறுக்குக் கொறையாம இருந்தா போதும். ஆய் மஞ்சளாப் போறாளா? ஒரு நாளைக்கு எட்டுப் பத்துத் தடவை குடிக்கிறாளா? குடிச்சு முடிச்சதும் தானா விட்டுட்டுக் கைய விரிச்சுத் தூங்குறாளா?" எல்லாவற்றுக்கும் ஆமாம். "அப்புறம் என்ன லா. பிள்ளை குடிக்கக் குடிக்கத்தான் பால் ஊறும். டின்னு குடுத்தா வயிறு நெறஞ்சு இங்க குடிக்கமாட்டா, இங்க குடிக்காட்டி இங்க ஊறாது. ஒல்லிக்கும் குண்டுக்கும் பாலுக்கும் சம்பந்தமே இல்ல. பேம்பர்ஸ் கொறைஞ்சாலோ, எழுப்பினாலும் குடிக்காமத் தூங்கினாலோ ஒடனே கிளினிக்குக்கு வாங்க. அதுவரைக்கும் இவங்கள விடுங்க" என்று சொல்லி, பிள்ளையின் தலையைக் கொஞ்சம் திருப்பி வைக்கக் காட்டிக்கொடுத்தார். நான் கதவுக்கு வெளியே போய் நின்றேன். வீடே அமைதியாக இருந்தது. அப்போது கேட்டது, சம்பந்தியம்மா. ங்க், ங்க், ங்க். நம் பேத்தி பால் விழுங்குகிற சத்தம். எனக்குக் கூத்தாட வேண்டும்போல் இருந்தது. அறுபத்தாறு வயசில் ஆடினால் விழுந்துவிடுவேன் என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஆகவே இங்கு எல்லாம் சுபம். தராசை நேற்றே தர்மலிங்கத்திடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன், இனி அதைக் கையால் தொடமாட்டேன், இது மாரியம்மன்மேல் ஆணை. பால் டின்களைக் கடைக்காரன் திருப்பி வாங்கமாட்டேன் என்றால் எனக்கு அனுப்பிவையுங்கள், நானே டீயில் போட்டுக் குடித்துத் தீர்க்கிறேன். காடி மட்டும் வேண்டாம். ரூபினியிடம் என்றைக்காவது, "ஒனக்கு நல்லாவே பால் இருக்கும்மா" என்று தாங்கள் ஒரு வார்த்தை சொன்னால், அது ஆறு டின்னைவிட அவளுக்கு வலுக் கொடுக்கும். தவறு என்னுடையது, தங்களுடையதல்ல. தங்கள் வீட்டில் எல்லோருக்கும் என் வணக்கமும், கோழிகள் உட்பட எல்லோருக்கும் என் ஆசியும்.

தங்கள் அன்பையும் மன்னிப்பையும் வேண்டி நிற்கும்,
பரஞ்சோதி.

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குமுன் ரூபினி வாங்கிப் படித்தாள். மூன்று நாளுக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தாள். பிறகு, இன்று காலை ஈரப் பேம்பர்ஸை எண்ணுவதற்காக நான் குப்பைத்தொட்டியை ஹாலில் கவிழ்த்ததையும், எட்டாவது எங்கே என்று தூங்குகிற பிள்ளையை எழுப்பிப் பார்த்ததையும் ஏன் எழுதவில்லை என்று கேட்டாள். இடமில்லை என்றேன். "காடி வேணாம்னு மட்டும் எழுதாதீங்கப்பா. அத்தை வரட்டும். டின்ன வீட்லயே வச்சிட்டு வரட்டும். போறப்ப உங்கள ஏத்திக்கிட்டுப் போகட்டும், முப்பது நாள் கழிச்சுக் கொண்டாந்து விடட்டும்" என்றாள். தேவகி என்னோடு இன்னும் பேசவில்லை, ஆனால் தலையை ஆட்டினாள். மாப்பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிக்கிறார். ஆகவே மேலே நான் காடி வேண்டாம் என்று எழுதியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். நாளைக் காலை காடி கட்டாயம் வரவும். ஏறவேண்டியவன் நான். தங்கள் வீட்டில் எனக்குத் தனி அறை வேண்டாம், ஹாலில் ஒரு பாய் போதும். பெட்டி கட்டியாகிவிட்டது. துணிமணி, மருந்து எல்லாம் சேர்த்து ஏழு கிலோ நானூற்று இருபது கிராம்.