ஏலக்காரரும் இன்சுலின் பம்பும்

காரைக்காலில் அவர் ஏலம் விடாதவை இரண்டே இரண்டுதான். ஒன்று கடல், இன்னொன்று அவருடைய சம்சாரம். ஒருநாள் விடிகாலையில் சம்சாரத்தையும் ஏலம் விட்டுவிட்டார். அதற்குக் காரணம் நான். அதை ஒப்புக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

மீன்பிடித் துறைமுகத்தில் கூடை கூடையாக மீனை ஏலம் கூறுவது அவர் தொழில். அவருக்கு ஒரு பெயர் இருந்தது, ஆனால் அது ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். எங்களுக்கு அவர் ஏலக்காரர். முகத்துவாரத்தில் நின்று அவர் "வஞ்சிரம்!" என்றால், தலத்தெருவில் என் வீட்டுப் பூனை எழுந்து உட்காரும்.

தொழிலைத் துறைமுகத்தோடு விட்டுவிட்டு வரும் பழக்கம் அவருக்கு இல்லை. பஸ்ஸில் தனக்குக் கிடைத்த சன்னலோர இடத்தை ஏலம் கூறுவார். டாக்டர் வீட்டில் டோக்கனை ஏலம் கூறுவார். ஒரு சனிக்கிழமை திருநள்ளாற்றுக் கூட்டத்தில் அவருடைய ஒரு செருப்பு தொலைந்துவிட்டது. மிஞ்சிய இடது கால் செருப்பைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து ஏலம் கூறினார். இடது செருப்பை மட்டும் தொலைத்த ஒருவர் கூட்டத்திலிருந்து வந்து வாங்கிக்கொண்டார். இதை நான் நேரில் பார்த்தேன்.

எங்களைச் சேர்த்து வைத்தது சர்க்கரை. இருவருக்கும் காலையும் இரவும் இன்சுலின். பிரெஞ்சுக்காரர் காலத்துப் பள்ளிக்கூடத்தில் படித்து, அரசாங்க அலுவலகத்தில் முப்பது வருடம் கோப்பு பார்த்தவன் நான். ஆனால் ஊசியைக் கண்டால் குழந்தை. என் மனைவியைப் போடச் சொன்னேன். "உங்களைக் குத்த எனக்கு ஆசைதான், கைதான் நிக்க மாட்டேங்குது" என்றாள். அப்போதுதான் ஏலக்காரர் பொறுப்பேற்றார்.

காலை ஏழரைக்கு ஏலம் முடிந்து, மீன் வாசனையோடு வருவார். சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவுவார். தன் வயிற்றில் ஒரு குத்து. பிறகு என் பக்கம் திரும்புவார். பிரெஞ்சு படித்தவன் என்பதால் நான் அவருக்கு ‘முசியே’, அதாவது ஐயா.

"முசியே, ரெடியா? ஒரு தரம்... ரெண்டு தரம்..."

மூன்றாம் தரத்துக்காக நான் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன். ரெண்டிலேயே போட்டு முடித்திருப்பார். பிறகு இருவரும் இட்லி சாப்பிடுவோம். ராத்திரி ஊசிக்கும் ஒரு நடை வந்து போவார். நான்கு வருடம் இப்படியே போனது.

அந்த வருடம் பிரான்சிலிருந்து அவருடைய மாப்பிள்ளை விடுமுறைக்கு வந்தார். மாமனாருக்கு ஒரு பெட்டி கொண்டுவந்தார். உள்ளே இன்சுலின் பம்பு. பேஜர் அளவில் ஒரு பெட்டி, அதிலிருந்து மெல்லிய குழாய், குழாய் முனையை வயிற்றுத் தோலுக்குள் செருகிக்கொள்ள வேண்டும். நாள் முழுக்கச் சொட்டுச் சொட்டாக மருந்து இறங்கும். குழாயையும் மற்றவற்றையும் மாதாமாதம் அனுப்புவதாகச் சொல்லிவிட்டு மாப்பிள்ளை விமானம் ஏறினார்.

ஏலக்காரர் என்னையும் அழைத்துக்கொண்டு தஞ்சாவூர் டாக்டரம்மாவிடம் போனார். அந்த அம்மா பொறுமையாகச் சொன்னார்.

"ஊசி எளிது, செலவு கம்மி, பழகினது. ஆனா போட்ட மருந்தைத் திரும்ப எடுக்க முடியாது. நீங்க ராத்திரி ஊசி போட்டுக்கிட்டு, விடியறதுக்கு முன்னாடி வெறும் வயித்தோட ஓடி ஓடிக் கத்துறீங்க. அப்ப சர்க்கரை தடாலுன்னு இறங்கும். பம்புன்னா அந்த நேரத்துக்கு மருந்தைக் குறைச்சு வைக்கலாம். ஆனா அதுலயும் வேலை இருக்கு. நாளுக்கு நாலஞ்சு தடவை விரல்ல குத்திப் பாக்கணும். ரெண்டு மூணு நாளைக்கு ஒரு தடவை குழாயை மாத்தணும். குழாய் அடைச்சுக்கிட்டா சர்க்கரை சர்ருன்னு ஏறிடும், கவனமா இருக்கணும். புத்தகத்தைப் படிச்சுட்டு யோசிச்சு வாங்க."

புத்தகம் முழுக்கப் பிரெஞ்சில் இருந்தது. ஏலக்காரருக்கு எண்கள் தெரியும், எழுத்து தெரியாது. அவர் வட்டாரத்தில் பிரெஞ்சு படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன். மறுநாள் என் வீட்டுக்கே அதைக் கொண்டுவந்தார்.

"என்னா போட்டிருக்கு முசியே?"

குளிக்கும்போது கழற்றி வைக்கலாம் என்பதைப் படித்துச் சொன்னேன். அது உண்மை. அதற்குள் மனசு வேறு கணக்குப் போட்டுவிட்டது. இவர் பம்புக்குப் போய்விட்டால் காலை ஏழரைக்கு இங்கே வருவாரா? எனக்கு யார் ஊசி போடுவது? கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, இல்லாத ஒரு வரியைப் படித்தேன்.

"இதை மாட்டிக்கிட்டா சத்தமாப் பேசக் கூடாதாம். வயிறு அதிர்ந்தா குழாய் பிடுங்கிக்குமாம்."

"எம்புட்டு சத்தம் வரைக்கும் பேசலாமாம்?"

"கோயில்ல பேசுற அளவுக்கு."

அவர் முகம் விழுந்துவிட்டது. "சாமிகிட்ட பேசுற குரல்ல சங்கரா மீன வித்தா எவன் வாங்குவான்? வேணாம் முசியே. எடுத்துக் கட்டிடுங்க."

"மாப்பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேக்கலாமே?" என்றாள் விஷயம் தெரியாத என் மனைவி.

"மாப்பிள்ளை குடுத்த பொருள நொட்டை சொல்றதா? நல்லாருக்குங்களே!"

பம்பு அவர் வீட்டு டிவி மேல் ஏறியது. டாக்டரம்மாவிடம் அவர் திரும்பப் போகவே இல்லை. எனக்கு ஊசியும் இட்லியும் தடையில்லாமல் நடந்தன.

மூன்று மாதம் கழித்து அது நடந்தது. விடிகாலை ஏலம். இரண்டு கூடை கிழங்கானை ஒழுங்காகக் கூறி முடித்தார். மூன்றாவதாகக் கூரைமேல் இருந்த காக்காயைக் கூறினார். கூட்டம் சிரித்தது. ஒருவர் விலையும் கேட்டார். அடுத்துத் தன் சட்டையைக் கூறினார். இன்னும் சிரித்தது. வியர்வையில் அந்தச் சட்டை நனைந்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை. பிறகு, மீன் வாங்க வந்து எதிரில் நின்ற தன் சம்சாரம் ராசாத்தியைக் கைகாட்டினார்.

"இந்தம்மாவ யாரு கேக்குறீங்க? நல்ல உருப்படி!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்க, ராசாத்தி மட்டும் கூடையைப் போட்டுவிட்டு ஓடினார். பிறகு என்னிடம் சொன்னார்: "புத்தியோட இருந்தா அந்த ஆளு என்னைக் கூறுவாருங்களா? அம்புட்டு தைரியம் ஏது?" உடம்பில் சர்க்கரை இறங்கிவிட்டது என்று புரிந்துகொண்டு, டீக்கடைச் சர்க்கரை டப்பாவைப் பிடுங்கி, கை நிறைய அள்ளி அவர் வாயில் அடைத்திருக்கிறார். அதற்குள் கால்கள் மடங்கிவிட்டன. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் அவ்வளவுதான் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம்.

அன்று ஏழரைக்கு அவர் வரவில்லை. சேதி வந்தது. அன்று மாலையே, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அவர் வீட்டுக்குப் போனேன். உட்காராமல் சொன்னேன்.

"புத்தகத்துல கத்தக் கூடாதுன்னு எங்கயும் போடலை. நான் பொய் சொன்னேன்."

"ஏன் முசியே?"

"நீங்க பம்புக்குப் போயிட்டா எனக்கு ஊசி போட ஆளில்லைன்னு."

அவர் டிவி மேலிருந்த பம்புப் பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ராசாத்திதான் முதலில் பேசினார். "படிச்ச மனுசரு செய்யுற வேலையாங்க இது? நாளைக்கு நான் தாலிய அறுத்திருந்தா ஒங்க ஊசிக்கு நானா வந்திருப்பேன்?"

பிறகு ஏலக்காரர் சொன்னார். "ஒரு வார்த்தை கேட்டிருந்தா போட்டுட்டுப் போயிருப்பேனே முசியே. இதுக்கா எங் குரல்வளைய புடிச்சீங்க? உக்காருங்க. மொத எழுத்துலேருந்து படிங்க."

ஐந்து நாள் படித்தேன். ஒரு வரி விடவில்லை. பக்கத்தில் ராசாத்தி, போலீஸ் மாதிரி. ஐந்தாம் நாள் பாயில் ஒரு பக்கம் ஊசியையும் மறுபக்கம் பம்பையும் வைத்தார் ஏலக்காரர். "துட்டு செல்லாது. காரணத்தச் சொல்லித்தான் ஏலம் கேக்கணும்."

"ஊசிதான். பேட்டரி வேணாம், பிரான்சுலேருந்து பார்சல் வேணாம்" என்றேன் நான். இந்த முறை நேர்மையாகத்தான்.

"பம்பு. விடிகாலைல மருந்தக் கொறச்சுக்கலாம்" என்றார் அவரே.

"உப்புத் தண்ணி, மீன் செதிலு, அதுல பம்பு என்னத்துக்கு ஆகும்?" என்றேன்.

"நான் துணியில பை தச்சுத் தாரேன்" என்றார் ராசாத்தி. பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டு, "காலைல போற ஆளு நடந்து திரும்பி வரணும். எனக்கு வேற காரணம் தெரியாது."

"மூணு தரம்!" என்றார் ஏலக்காரர். பம்பு ராசாத்திக்கு விழுந்தது.

பம்பு மாட்டிப் பழக அவர் தஞ்சாவூரில் ஒரு வாரம் இருந்தார். அந்த வாரம் எனக்கு யாரும் இல்லை. முதல் நாள் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு குத்திக்கொண்டேன். எறும்பு கடித்த மாதிரிகூட இல்லை. இந்த எறும்புக்காகவா ஒரு மனிதனைச் சாகக் கொடுக்கப் பார்த்தேன் என்று எண்ணிக்கொண்டே ஊசியைத் துடைத்து வைத்தேன்.

எட்டாம் நாள் ஏழரைக்கு வாசலில் மீன் வாசனை வந்தது. இடுப்பில் பூப்போட்ட துணிப்பை. "என்னா முசியே, ஒரு வாரமா தடுமாறிட்டீங்களா? சட்டையத் தூக்குங்க" என்றார். எனக்கே போட்டுக்கொள்ளத் தெரியும் என்று சொல்ல வாய் திறந்தேன். சொல்லவில்லை, சட்டையைத் தூக்கினேன்.

இன்றைக்கும் அப்படித்தான் போகிறது; எனக்கே போட்டுக்கொள்ளத் தெரியும் என்பது அவருக்கு இன்னும் தெரியாது. இதை அச்சிடும் இந்தப் பத்திரிகையை வாராவாரம் அவருக்கு நான்தான் வாசித்துக் காட்டுகிறேன். இந்தப் பக்கம் வரும்போது விளம்பரம் என்று சொல்லித் தள்ளிவிடுவேன்.