தெற்கே பச்சை, வடக்கே சிவப்பு

நெருப்பையும் சக்கரத்தையும் மனிதகுலத்தின் மாபெரும் கண்டுபிடிப்புகள் என்று சொல்லித் திரிபவர்கள், வண்ணம் தீட்டிய வாக்குச்சாவடி வரைபடம் ஒன்றைக் கண்ணால் கண்டிராத அப்பாவிகள். சக்கரம் மனிதனை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகும், அவ்வளவுதான். வரைபடமோ அவனை உட்கார்ந்த இடத்திலேயே உட்கார வைத்து, ஊரில் யார் நல்லவர், யார் நன்றி கெட்டவர் என்று தெரு வாரியாகச் சொல்லிவிடும். அப்படியொரு படத்தை இந்தச் சிறு நகரத்துக்கு வழங்கிய மேதையின் பெயர் சதவீதம்.

அது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை, ஊர் வைத்தது. காய்ச்சல் விட்டதா என்று யாராவது விசாரித்தால், “முப்பது சதவீதம் குறைஞ்சிருக்கு” என்பார். புள்ளியியல் படித்தவர். படிக்க வைத்தது அவருடைய அக்கா. ஊரின் வட கோடியில், ஆற்றுப்பாலத்தை ஒட்டிய தெருவில், அக்காவும் மாமாவும் ஒரு லாண்டரி நடத்தினார்கள். இரண்டு சலவை இயந்திரம், ஒரு நீராவி இஸ்திரிப்பெட்டி. லாட்ஜ் விரிப்புகளும் ஆஸ்பத்திரிப் போர்வைகளும் அங்கேதான் வெளுத்தன. அந்த வருமானத்தில்தான் தம்பி பட்டம் வாங்கினார்.

நகரசபைத் தேர்தல் முடிந்து, புதிய தலைவர் மயிரிழையில் ஜெயித்து நாற்காலியில் உட்கார்ந்ததும் சதவீதத்தைக் கூப்பிட்டு அனுப்பினார். எந்தத் தெரு தனக்கு ஓட்டுப் போட்டது, எந்தத் தெரு கழுத்தறுத்தது என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். ஜெயித்த மனிதனுக்குத் தூக்கம் வராமல் இருக்க இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

அக்கா தேய்த்துக் கொடுத்த கோட்டைப் போட்டுக்கொண்டு சதவீதம் தலைவரின் அறைக்குள் நுழைந்தார். ஆளுயரப் படத்தை மேசைமேல் விரித்தார். மொத்தம் இருபத்தைந்து சாவடிகள். தெற்கே, பேருந்து நிலையத்தைச் சுற்றி எல்லாம் பச்சை. வடக்கே, பாலத்தைச் சுற்றி எல்லாம் சிவப்பு.

“பச்சைன்னா?” என்றார் தலைவர்.

“உங்களை நேசிக்கிறவங்க, ஐயா.”

தலைவரின் முகம் குழம்பியது. “பஸ் ஸ்டாண்டு பக்கமா? பிரசாரத்துக்குப் போனப்ப அங்கதானே என் வேன் மேல தக்காளி அடிச்சாங்க. கண்ணாடியே தெரியலய்யா.”

இந்த இடத்தில் சாதாரண ஆள் என்றால் படத்தை மறுபடி ஒரு முறை பார்த்திருப்பான். சதவீதம் படித்தவர்.

“எத்தனை பேர் அடிச்சாங்க, ஐயா?”

“எண்ணிக்கிட்டா இருந்தேன்? ஒரு இருபது பேர் இருக்கும்.”

“அந்தப் பக்கம் ஓட்டு ஆறாயிரம். இருபது பேர்ங்கிறது பூஜ்யம் புள்ளி மூணு சதவீதம். மீதி தொண்ணூத்தொன்பது புள்ளி ஏழு சதவீதம் பேர் உங்க மேல தக்காளி அடிக்கவே இல்லை. இதை நாங்க ‘மௌன ஆதரவு’ன்னு சொல்லுவோம்.”

தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. தன்மேல் தக்காளி அடிக்காத ஐயாயிரத்துச் சொச்சம் பேரை அவர் அதுவரை நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

“சரி, பாலத்துப் பக்கம்? என்னைத் தோள்ல தூக்கிட்டுப் போனாங்களேய்யா?”

“அது ‘காட்சி ஆதரவு’. தூக்கினப்ப கூட்டமா இருந்தாங்க. பூத்துக்குள்ள தனித்தனியாத்தானே போனாங்க?”

“அதானே பார்த்தேன்,” என்றார் தலைவர், எதையோ நினைத்துக்கொண்டு. “தூக்கினதுல ஒருத்தன் இடுப்பைக் கிள்ளின மாதிரி இருந்துச்சு.”

நகரசபைச் செயலாளர் குறுக்கிட்டார். தலைவர்கள் மாறினாலும் மாறாதவர் அவர். “எதுக்கும் ஒரு சோதனை போட்டுப் பார்த்துடலாம், ஐயா. உங்க சொந்த பூத் எது?”

“பதிமூணு.”

ஊரின் நட்டநடுவில் தலைவர் வீடு. படத்திலும் நட்டநடுவில் பதின்மூன்று இருந்தது. அங்கே அவர் வாங்கியிருந்த ஓட்டும் அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்த எண்ணிக்கையோடு அச்சு அசலாகப் பொருந்தியது. மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். விஞ்ஞானம் நிரூபிக்கப்பட்டுவிட்டது.

அந்த வாரமே தீர்மானம் நிறைவேறியது. தெற்கு ‘நன்றி மண்டலம்’ ஆனது. அதற்குப் புதுத் தார்ச்சாலை, தெருவிளக்கு, பேருந்து நிலையத்தின் முன்னால் ஒரு நீரூற்று. வடக்கு ‘மறுபரிசீலனை மண்டலம்’. அங்கே ‘குழாய்கள் ஓய்வு நிலையில் வைக்கப்படும்’ என்று செயலாளர் அழகான நடையில் எழுதினார். சதவீதத்துக்கு ‘வாக்குப் போக்குத் தலைமை ஆலோசகர்’ என்ற பதவியும், ஏ.சி. போட்ட தனி அறையும், முழுச் சுற்றுச் சுற்றும் நாற்காலியும் கிடைத்தன. படம் அவருடைய அறைச் சுவரில் ஆணியடித்து மாட்டப்பட்டது.

ஒரு மாதம் கழித்து அக்கா வந்தாள். அவள் கையில் இருந்த மூட்டையில் துவைக்காத லாட்ஜ் விரிப்புகள்.

“குழாய்ல காத்துதான்டா வருது,” என்றாள்.

“அது ஓய்வு நிலை, அக்கா.”

“யாரு ஓய்வெடுக்கிறா?”

“குழாய்.”

“எங்களுக்கும் அதே நிலைமைதான். மெஷின் ரெண்டும் சும்மா நிக்குது. மாமா லாரித் தண்ணிக்கு அலையறாரு, அது மஞ்சளா வருது. வெள்ளை விரிப்பைப் போட்டா மஞ்சளா எடுக்கிறோம். ஆஸ்பத்திரிக்காரன் வேற ஆளைப் பார்த்துட்டான். லாட்ஜ்காரன் இந்த மூட்டையோட சரின்னுட்டான். நீதான் இங்க பெரிய ஆளாச்சே, என்னன்னு கேட்டுச் சொல்லு.”

சதவீதம் தொண்டையைச் செருமினார். ஆலோசகர்கள் கெட்ட செய்தி சொல்லும் முன் அப்படித்தான் செய்வார்கள். “கேக்க ஒண்ணுமில்லை, அக்கா. உங்க பக்கத்து ஜனங்க தலைவருக்கு ஓட்டுப் போடல. உங்க பூத் இருபத்திமூணு. அங்க அவருக்கு விழுந்தது வெறும் பதினேழு சதவீதம்.”

“எந்த இருபத்திமூணு?”

“நீங்க போட்ட பூத்.”

“நாங்க போட்டது மூணாம் நம்பர்லடா. பள்ளிக்கூடக் கதவுல பெரிசா ஒட்டியிருந்தாங்களே. முன்னெல்லாம் பஸ் ஸ்டாண்டுல இருந்து எண்ணிக்கிட்டு வருவாங்க, அப்ப நாங்க இருபத்திமூணு. இந்தத் தடவை புதுசா வந்த தேர்தல் அதிகாரி பாலத்துல இருந்து எண்ணிட்டாரு. ஊருக்கே தெரியும். ஒவ்வொரு பூத் வாசல்லயும் எழுதிப் போட்டிருந்தாங்க. நீ பார்க்கல?”

சதவீதம் பார்க்கவில்லை. பார்க்க அவர் அங்கே போயிருக்க வேண்டும்.

“நீ ஓட்டுப் போடவே போகலியாடா?”

“ஆய்வு பண்றவன் நடுநிலையா இருக்கணும், அக்கா,” என்றார். குரல் மட்டும் கொஞ்சம் உள்ளே போயிருந்தது. முடிவுகளைப் புது எண் வரிசையில் வாங்கி, பழைய தேர்தலின் படத்தில் வண்ணம் தீட்டியிருந்தார். ஒன்று இருபத்தைந்தாகவும் இருபத்தைந்து ஒன்றாகவும் மாறிப்போனதில், மாறாமல் நின்றது நடுவில் இருந்த பதின்மூன்று மட்டும்தான்.

அக்கா அதிகம் யோசிக்கவில்லை. மூட்டையைக் கீழே வைத்தாள். சுவரிலிருந்து படத்தைக் கழற்றித் தலைகீழாகத் திருப்பி அதே ஆணியில் மாட்டினாள். பச்சை மேலே போயிற்று, சிவப்பு கீழே வந்தது. எழுத்துகள்தான் தலைகீழாக நின்றன, ஊர் நேராகிவிட்டது.

“இப்ப சரியாயிருக்கு,” என்றாள். “போய்ச் சொல்லிடு. தப்பு எல்லாருக்கும் வர்றதுதான். சொன்னா முடிஞ்சு போச்சு.”

“சொல்லிடறேன், அக்கா.”

சத்தியமாகச் சொல்லத்தான் போனார். அவருடைய நேர்மையில் யாரும் குறை காண முடியாது. தலைவரின் அறையில் தலைவர் கண்ணாடி முன்னால் நின்று உரை ஒன்றைப் பழகிக்கொண்டிருந்தார். நகரசபைத் தலைவர்களின் மாநாட்டில் ‘தரவே தலைமை’ என்ற தலைப்பில் பேச அவருக்கு அழைப்பு வந்திருந்தது. செயலாளர் கைதட்ட வேண்டிய இடங்களில் கைதட்டிக்கொண்டிருந்தார்.

“ஐயா, படத்துல ஒரு சின்னத் திருத்தம்.”

“எவ்வளவு சின்னது?”

“வடக்கும் தெற்கும் மட்டும்.”

தலைவர் மெதுவாக உட்கார்ந்தார்.

“அப்ப நான் தண்ணியை நிறுத்தினது...”

“உங்களுக்கு ஓட்டுப் போட்டவங்களுக்கு.”

“நீரூற்று கட்டினது?”

“தக்காளி அடிச்சவங்களுக்கு, ஐயா.”

தலைவர் செயலாளரைப் பார்த்தார். இத்தகைய நெருக்கடிகளுக்காகவே செயலாளர்கள் படைக்கப்பட்டிருக்கிறார்கள்.

“இதுல பதற ஒண்ணுமில்லை, ஐயா,” என்றார் அவர். “மறுபரிசீலனை மண்டலத்தை நாமளே மறுபரிசீலனை பண்ணினா, முதல் பரிசீலனையை யாரு பண்ணினதுன்னு கேப்பாங்க. உங்க பேரைச் சொல்லணும். இப்ப தெற்குப் பக்கம் பாருங்க. நீரூற்று முன்னாடி குடும்பத்தோட போட்டோ எடுத்துக்கிறாங்க. உங்களை வாழ்த்தி பேனர்கூடக் கட்டியிருக்காங்க. வடக்கேயும் ஆறாயிரம் ஓட்டு, தெற்கேயும் ஆறாயிரம் ஓட்டு. ஆறாயிரம் ஆறாயிரம்தானே, அது எந்தப் பக்கத்து ஆறாயிரமா இருந்தா நமக்கென்ன?”

தலைவரின் முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. சதவீதத்தைப் பக்கத்தில் உட்கார வைத்துத் தோளில் கை போட்டார்.

“படம் தப்புன்னு வை. நீ யாரு?”

“யாருமில்லை, ஐயா.”

“படம் சரின்னா?”

“தலைமை ஆலோசகர்.”

“அப்புறம் என்னய்யா திருத்தம்?”

சதவீதத்துக்கு அந்த நிமிடம் அக்காவின் முகம் ஞாபகம் வந்தது. கூடவே நாற்காலியும் ஞாபகம் வந்தது. அறிவியலுக்கு எப்போதும் தியாகம் தேவைப்படுகிறது. சதவீதம் அதற்குத் தயங்கவில்லை, தியாகம் செய்ய அவருக்கு ஓர் அக்கா இருந்தாள்.

தன் அறைக்குத் திரும்பிப் படத்தைக் கழற்றி, எழுத்துகள் நேராக இருக்கும்படி மாட்டினார்.

“என்னடா ஆச்சு?” என்று அக்கா போனில் கேட்டபோது, “பரிசீலனையில இருக்கு” என்றார். அடுத்த முறை கேட்டபோது, “மேலிடத்துல இருக்கு” என்றார். அதற்கடுத்து மாமா பேசினார். “மாப்ளை, தப்பா நினைக்காதீங்க, இன்னிக்கு ஒரு மெஷினை எடைக்குப் போட்டுட்டோம்” என்றார். சதவீதம் மிகவும் வருந்தினார். கூட்டம் இருக்கிறது என்று சொல்லிப் போனை வைத்தார். லாண்டரியின் கதவு ஒரு நாள் மூடியது, பிறகு திறக்கவில்லை. அக்கா தெற்கே, நீரூற்றுக்கு எதிரே புதிதாக வந்திருந்த பெரிய லாண்டரியில் இஸ்திரி போடும் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே தண்ணீருக்குப் பஞ்சமில்லை.

இதற்கிடையில் படத்தின் புகழ் பரவியது. அக்கம்பக்கத்து நகரசபைகளிலிருந்து ஆட்கள் வந்து அதன் முன்னால் நின்று வாயைப் பிளந்தார்கள். வடக்கில் சில இளைஞர்கள் காலிக் குடங்களோடு நகரசபை வாசலில் உட்கார்ந்தபோது, “பார்த்தீங்களா, சிவப்புன்னு அன்னிக்கே சொல்லியிருக்கார்” என்று செயலாளர் விருந்தினர்களுக்குப் படத்தைத் தொட்டுக் காட்டினார்.

ஐந்தாண்டு முடிந்து மறுபடியும் தேர்தல் வந்தது. சதவீதம் இம்முறையும் ஓட்டுப் போடப் போகவில்லை. ஆனால் எண்களைச் சரிபார்த்தார். பாலத்திலிருந்து எண்ணியிருக்கிறார்களா, பேருந்து நிலையத்திலிருந்து எண்ணியிருக்கிறார்களா என்று ஆள் அனுப்பி விசாரித்து, புதுப் படம் எடுத்து, வண்ணம் தீட்டினார். தீட்டி முடித்துப் பழைய படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

இரண்டும் ஒன்றாக இருந்தன. தெற்கே பச்சை, வடக்கே சிவப்பு. பாலத்துத் தெருவில் தலைவருக்கு விழுந்தது பதினேழு சதவீதம்கூட இல்லை. தெற்கு ஆறாயிரத்தின் தயவில் தலைவர் மறுபடி ஜெயித்தார். ஐந்தாண்டுக்கு முன்பே தெரு வாரியாக இதைச் சொன்ன மனிதரை நாடு கௌரவிக்காமல் இருக்குமா? ‘தீர்க்கதரிசனத் தரவியலாளர்’ என்று பட்டயம் கொடுக்க நகரமன்றத்தில் விழா ஏற்பாடாயிற்று.

விழாவன்று மாலை, நீரூற்றுக்கு எதிரே இருந்த லாண்டரியில் தேய்க்கப் போட்ட கோட்டுக்காகச் சதவீதம் அறையில் காத்திருந்தார். லாண்டரிக்காரர் யாரையாவது அனுப்புவார் என்று எதிர்பார்த்தார். அக்கா வந்து நின்றாள்.

கோட்டைப் பிரித்து அவளே போட்டுவிட்டாள். தோளில் ஒட்டியிருந்த நூலை எடுத்தாள். சிறுவயதில் பள்ளிக்கு அனுப்பும்போதும் அப்படித்தான் எடுப்பாள். சதவீதத்துக்கு ஏதாவது பேச வேண்டும் போலிருந்தது. அவருக்குத் தெரிந்த பேச்சு ஒன்றுதான்.

“அக்கா, நீ யாருக்குப் போட்ட?”

“போன தடவை இவருக்குத்தான் போட்டேன். எங்க தெருவே போட்டுச்சு. இந்தத் தடவை போடல, யாருமே போடல.”

சுவரில் பக்கத்துப் பக்கத்தில் தொங்கிய இரண்டு படங்களையும் ஒரு முறை பார்த்தாள். கோட்டின் கடைசிப் பொத்தானை மாட்டிவிட்டாள்.

“படத்தைத் திருத்த உனக்கு அஞ்சு வருஷம் போதலைல்ல தம்பி, அதான் நாங்க திருந்திட்டோம். போ, கூப்பிடறாங்க.”