செருகினால் பேசும் சாமி

என் தலைமுடியை யாருக்கும் தருவதில்லை என்று முடிவு செய்தேன். முருகனுக்குக்கூட.

திருத்தணியில், அதுவும் ஜன்னலைத் திறந்தால் மலைக்கோயில் தெரிகிற வீட்டில் உட்கார்ந்துகொண்டு இப்படி முடிவு செய்ய எவ்வளவு தைரியம் வேண்டும்! என்னிடம் அவ்வளவு கிடையாது. அதனால் ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் முடிவு செய்தேன்.

வேண்டுதல் என்னுடையது அல்ல. சேலத்தில் ரயில்வே குமாஸ்தாவாக இருந்த எனக்கு அரக்கோணத்துக்கு மாற்றல் கிடைத்தால் மொட்டை என்று என் மனைவி தமிழ்செல்வி வேண்டிக்கொண்டாள். மாற்றல் கிடைத்தது. மொட்டை அவளுக்கல்ல, எனக்கு என்பதைப் பிறகுதான் சொன்னாள். சளி, தலைவலி, ஆடிட் என்று இரண்டு வருஷம் ஓட்டினேன். நாற்பத்தாறு வயதில் எங்கள் ஆபீசில் சட்டைப்பையில் சீப்பு வைத்திருக்கும் ஒரே ஆள் நான். அடுத்த மாதம் கல்லூரிக் கூட்டாளிகள் இருபத்தைந்து வருஷம் கழித்துச் சந்திக்கிறோம். அங்கே காட்டிக்கொள்ள என்னிடம் முடியைத் தவிர ஒன்றுமில்லை.

"வர்ற கிருத்திகைக்கு முடி இறக்கறீங்க" என்றாள்.

"இன்னாம்மா அவசரம்?"

"சாமி எத்தினி நாளு காத்துகினு இருக்கும்? கோவம் வந்தா மறுபடியும் சேலத்துக்கே தூக்கிப் போட்டுடும்."

"நான் சொன்னா கேக்கமாட்டியா?"

"மாட்டேன். சாமி சொல்லட்டும், கேக்கறேன்."

இந்த இடத்தில் என் மூளை வேலை செய்தது. அது வேலை செய்த நாளிலெல்லாம் நான் உதைபட்டிருக்கிறேன். இருந்தாலும் நம்பினேன்.

தமிழ்செல்வி அம்மையார்குப்பம் சேலைகளை வாட்ஸப்பில் விற்கிறாள். சேலைப் படங்களெல்லாம் ஒரு ஹார்டு டிஸ்கில் இருக்கின்றன. தினமும் காலை பத்து மணிக்கு அதைக் கம்ப்யூட்டரில் செருகுவாள். முன்பெல்லாம் பென் டிரைவைச் செருகினாலே உள்ளே இருப்பது தானாக ஓடும். வைரஸுக்குப் பயந்து அந்த வழியை அடைத்துவிட்டார்கள். நான் யூடியூபைப் பார்த்து வேறு வழி பிடித்தேன். கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு சின்ன புரோகிராமைக் காவலுக்கு உட்கார வைத்தேன். எது செருகப்பட்டாலும் அது பெயரைப் பார்க்கும். சேலை டிஸ்க் என்றால் நான் பதிவு செய்த ஆடியோவைப் போடும். வேறு எதுவானாலும் கம்மென்று இருக்கும்.

படுக்கையறையைச் சாத்திக்கொண்டு, போர்வைக்குள் செல்போனோடு புகுந்து பேசினேன். ஒரு ஆப்பில் போட்டுக் குரலைக் கனமாக்கினேன்.

"தமிழ்செல்வி... உன் பக்தியை மெச்சினேன். உன் புருஷன் தலைமுடி எனக்கு வேண்டாம். அவன் மனமே போதும்."

முதல் வரியைக் கேட்டதுமே எனக்கே பயம் வந்து நிறுத்திவிட்டேன். அன்றிலிருந்து மலை இருக்கும் பக்கம் கால் நீட்டவில்லை.

மறுநாள் நான் ஆபீசில் இருந்தேன். பத்து மணி ஐந்து நிமிஷத்துக்கு போன்.

"இன்னாங்க! சாமி பேசிச்சுங்க!"

"எந்த சாமி?"

"நம்ம முருகன்தாங்க! கம்ப்யூட்டர்ல!"

"அப்டியா! இன்னா சொல்லிச்சு?"

"உன் புருஷன் முடி உடனே மலைக்கு வரணும்னு சொல்லிச்சு."

"அப்டி சொல்லலியே!"

"உங்களுக்கு எப்டித் தெரியும்?"

"இல்லம்மா... சாமி அப்டிலாம் கேக்காதேன்னு..."

"கேட்டுச்சு. வண்டில வரக்கூடாதாம். முன்னூத்தி அறுபத்தஞ்சு படியும் நடந்தே ஏறணுமாம். படிக்குப் படி மஞ்ச குங்குமம் வேற வெக்கணுமாம்."

சாயங்காலம் அவள் கடைக்குப் போனதும் கம்ப்யூட்டரைத் திறந்தேன். 'மனமே போதும்' வரை கேட்டு நிறுத்தினேன்; நான் பேசியது நான் பேசியபடியே இருந்தது. அப்படியானால் படிக்கணக்கு சொன்னது யார்? ஆடியோவை அழித்தேன். புரோகிராமை அழித்தேன். குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன்.

மறுநாள் அதே பத்து ஐந்து.

"சாமி திரும்பவும் பேசிச்சுங்க."

நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். "இ... இன்னா சொல்லிச்சு?"

"மீசையும் வேணுமாம்."

பக்கத்து மேஜை ஃபக்ருதீனுக்குக் கம்ப்யூட்டர் அத்துப்படி. மெதுவாகக் கேட்டேன். "பாய், புரோகிராம அழிச்ச பெறகும் டிஸ்க செருகினா அது ஓடுமா?"

"அழிச்சது எப்டி சார் ஓடும்?"

"ஓடுதே!"

"அப்ப அது புரோகிராம் இல்ல சார். வேற ஏதோ."

அந்த 'வேற ஏதோ' என்னை மூன்று நாள் தூங்கவிடவில்லை. சாமி குரலில் பேசியவனை சாமி சும்மா விடுமா? இன்றைக்கு முடி, மீசை. நாளைக்கு வேலை. அதற்கு மறுநாள்? நானே வலியப் போய் ஆபீசில் லீவு எழுதிக் கொடுத்தேன்.

கிருத்திகையன்று ஏறினேன். ஒவ்வொரு படியிலும் அவள் மஞ்சள் குங்குமம் வைத்தாள், நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். முடி இறக்கும் மண்டபத்தில் தலையில் தண்ணீர் தெளித்துக் கத்தியை வைத்தார்கள். பாதித் தலை போனபோது எனக்குத் தாங்கவில்லை. அழுதுவிட்டேன்.

"முருகா, மன்னிச்சிடு! அந்தக் குரல்ல பேசினது நான்தான்!"

கத்தி நின்றது. மண்டபமே திரும்பிப் பார்த்தது.

"தெரியுங்க" என்றாள் தமிழ்செல்வி. "நீங்க நிறுத்தாதீங்கண்ணா, மீதியையும் எடுங்க."

"தெரியுமா? அப்ப ரெண்டாம் நாளு பேசினது யாரு?"

"யாரும் பேசல."

"மீசை?"

"அது சாமி கேக்கல. எனக்குத்தான் ரொம்ப நாளா புடிக்கல."

"நான்தான்னு எப்டிம்மா கண்டுபுடிச்ச? கொரலகூட மாத்தினேனே!"

"சாமி பேசி முடிச்ச பெறகும் அது ஓடிகினே இருந்துச்சுங்க. நான் 'இன்னாங்க, காபி ஆறுது'ன்னு கூப்பிட்டேன், சாமி 'ஆங், தோ வந்துட்டேம்மா'ன்னு எழுந்து ஓடியாந்துச்சு."