துண்டுக்குள் ஒரு விரல்

கூடைப்பந்து ஆட்டத்தை மாட்டுச் சந்தையின் வழியாகப் புரிந்துகொண்டவர் இந்தப் பூலோகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் துண்டுத் தரகர். ஆட்டத்தைக் கண்டுபிடித்தவனே கப்பலேறி வந்து விளக்கியிருந்தாலும், "அதெல்லாம் சரிங்கய்யா, பல்லைப் புடிச்சுப் பாக்குறது எப்ப?" என்றுதான் கேட்டிருப்பார்.

சின்னமனூருக்கும் கம்பத்துக்கும் நடுவில் ஓர் ஊர். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால், அங்கே இன்னும் திடகாத்திரமாக இருக்கும் இரண்டு பேர் என்னைத் தேடி வந்துவிடுவார்கள். யுத்த காலத்தில் நான் அந்த ஊர்த் தபாலாபீஸில் தந்தி குமாஸ்தா. ஊரில் பெண்களுக்கு ஓர் ஆசிரியப் பயிற்சிப் பள்ளி இருந்தது. பள்ளிக்கு ஒரு கூடைப்பந்து அணி இருந்தது. அணிக்குத் தோற்கும் வழக்கம் இருந்தது.

தரகருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. சந்தையில் மாடு வாங்குகிறவன் கையையும் விற்கிறவன் கையையும் தோள் துண்டால் மூடி, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவது அவர் தொழில். எத்தனை விரல், எந்தப் பிடி என்பது பிடித்தவருக்கும் பிடிபட்டவருக்கும் மட்டுமே தெரியும். சுற்றி நிற்கிறவர்களுக்குத் துண்டு அசைவதுதான் தெரியும். அவருடைய சொந்த மச்சான் ஒரு முறை, "அந்தப் போடிக்காரன் என் காளைக்கு என்னதான் கேட்டான், எனக்காச்சும் சொல்லுங்க" என்று கெஞ்சியிருக்கிறார். "துண்டுக்குள்ள நடந்தது துண்டோட போச்சு மச்சான்" என்று சொல்லிவிட்டார் இவர். மச்சான் இரண்டு பொங்கலுக்கு வீட்டுப் பக்கம் வரவில்லை. துண்டு விஷயத்தில் தரகர் பொய் சொன்னதாகவோ, ரகசியத்தை வெளியே விட்டதாகவோ கம்பம் பள்ளத்தாக்கில் ஒருவரும் சொல்ல முடியாது. இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிப்பட்டவர் பந்தாட்டத்துக்கு வந்தது ஒரு பசுவினால். பயிற்சிப் பள்ளித் தலைமையாசிரியை, அதாவது எல்லாரும் 'பெரிய டீச்சர்' என்று அழைக்கும் அம்மாள், பசு வாங்க வேண்டும் என்று இவரைக் கூப்பிட்டிருந்தார். தொழுவத்துக்குப் பக்கத்தில்தான் மைதானம். ஒரு பெண் எம்பிப் பந்தைக் கூடைக்குள் போட்டாள். பந்து வலை வழியாகத் தரைக்கு வந்தது. தரகர் பதறிப்போனார்.

"ஏ ஆத்தா! கூடைக்கு அடி பிஞ்சு கெடக்கே! போட்டது பூராம் கீழ விழுகுதே, ஒருத்தரும் பாக்கலையா?"

பெண்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை, ஆதரிக்க ஆளில்லாத பிள்ளைகளின் சிரிப்பு என்று தரகர் எடுத்துக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை மதுரையிலிருந்து ஓர் அணி எங்கள் ஊருக்கே ஆட வந்தது. அன்று விடிந்ததும் விடியாததுமாக ஏணி, கோணி ஊசி, கற்றாழை நார் சகிதம் வந்து இரண்டு வலைக்கும் அடியைத் தைத்து வைத்துவிட்டார் தரகர். மூட்டை தைக்கிற தையல், அது யானை இழுத்தாலும் பிரியாது. ஆட்டம் தொடங்கியது. மதுரைக்காரிகள் முதல் பந்தைக் கூடைக்குள் போட்டார்கள். பந்து உள்ளேயே உட்கார்ந்துகொண்டது. நடுவர் ஊதலை வாயில் வைத்தபடி அண்ணாந்து பார்த்தார். வலையை அறுக்கலாம் என்றார் ஒருவர். நடுவர் சட்டம் பேசுகிறவர். ஆட்டம் தொடங்கிய பிறகு சாதனத்தில் கை வைக்கக் கூடாது என்றார். ஆகவே ஒவ்வொரு தடவையும் தரகரே ஏணி போட்டு ஏறிப் பந்தை எடுத்துத் தந்தார். மதுரை அணி நிறையப் போட்டது. தரகர் நிதானமாக ஏறினார், அதைவிட நிதானமாக இறங்கினார். முப்பது, நாற்பது என்று தோற்கிற எங்கள் அணி அன்றைக்குப் பதினாறுக்கு இரண்டு என்ற கணக்கில்தான் தோற்றது.

"பாத்தீகளா தந்தித் தம்பி? அடி தச்சதுல பாதிக்குப் பாதி தோல்வி கொறஞ்சு போச்சு" என்றார் என்னிடம், வேர்வையைத் துடைத்துக்கொண்டே.

அன்று முதல் தினமும் சாயங்காலம் மைதானத்து ஓரத்தில் தரகர் ஆஜர். ஆட்டக்காரிகளின் முகத்தைப் பார்க்கவே மாட்டார். பார்வை முழுக்கக் கால்களில்தான். "மொகம் பொய் சொல்லும் தம்பி, காலு சொல்லாது" என்பார். அணித் தலைவி சௌந்தரம் ஒரு வாரமாகச் சரியாக ஓடவில்லை, சோம்பல்தான் காரணம் என்று பெரிய டீச்சரே திட்டிக்கொண்டிருந்தார். தரகர் போய், "அந்தப் புள்ளைய வையாதீக. எடது குதிகால் தரையில பட்டதும் கூசுது. உள்ள முள்ளு ஒடிஞ்சு நிக்குது" என்றார். ஊசியால் கிளறிப் பார்த்தால் அரை அங்குலக் கருவேல முள். சௌந்தரத்துக்கு அன்றிலிருந்து தரகர் என்றால் உயிர். ஆனால் அவள் ஒரு நாள் கடைத்தெருவில் செருப்புப் போட்டுக்கொண்டு போய் வணக்கம் சொன்னபோது, "யாரு ஆத்தா நீ?" என்று கேட்டுவிட்டார் பாவி மனிதர்.

எங்கள் பெண்கள் வெளியூரில் தோற்பதற்கு நியாயமான காரணம் ஒன்று உண்டு. பெட்ரோல் கிடைக்காத காலம். பஸ்ஸுக்குப் பின்னால் அடுப்பைக் கட்டி, கரியை எரித்து அந்தப் புகையில் ஓட்டினார்கள். ஆண்டிப்பட்டிக் கணவாய் மேட்டைப் பார்த்ததும் பஸ் நின்றுவிடும். டிரைவர் திரும்பிப் பார்த்து, "ஆத்தாமார்களா, கொஞ்சம் எறங்குறீகளா?" என்பார். மதுரைக்குள் நுழையும்போதே எங்கள் அணி ஓர் ஆட்டம் ஆடி முடித்திருக்கும், முகத்தில் கரியோடு.

மாவட்டப் போட்டியில் நாற்பத்து மூன்றுக்கு மூன்று என்று தந்தி வந்தது. என் கையாலேயே எழுதினேன். முதலில் வந்த எண் எங்களுடையதாக இருக்குமோ என்று ஒரு நிமிஷம் நப்பாசைப்பட்டேன். இல்லை.

அணி ஊர் திரும்பிய மறுநாள் நாயர் காபி கிளப்பில் பெரிய சண்டை.

"டீமை நிறுத்தணும். ஊரு மானம் போகுது" என்றார் கரிபஸ் டிரைவர்.

"மானம் போகுன்னது உன்ற வண்டியாலயாக்கும்!" என்று கல்லாவில் இருந்து எழுந்தார் நாயர். "டீமை நிறுத்தான் பாடில்லா. நான் ஜீவனோட உள்ள வரை சம்மதிக்க மாட்டேன்!"

"நீரு ஏன்யா சம்மதிக்கணும்? நீரா கணவாயில வண்டி தள்ளுறீரு?"

"நீயா தள்ளுறே? நீ ஸ்டீரிங் பிடிச்சிட்டு இருக்கே!"

இரண்டு தம்ளர்கள் உடைந்தன. மூலையில் தரகர் காபியை ஆற்றிக்கொண்டிருந்தார்.

சண்டை தென்னந்தோப்பு முதலாளி காதுக்குப் போயிற்று. மைதானம் அவருடையது, பள்ளிக்குச் சும்மா விட்டிருந்தார். தேங்காய் காயப்போட இடமில்லை என்று அவருக்கு ரொம்ப நாளாக ஓர் உறுத்தல். ஆனாலும் நியாயஸ்தர். "தவறாம ஆட்டம் பாக்குறவக ஒம்போது பேரு இருக்கோம், நானும் சேத்து. ஞாயித்துக்கிழமை கூடுவோம். பாதிக்கு மேல வேணும்னா ஆடட்டும். இல்லைன்னா எடத்தை விட்டுருங்க" என்று பெரிய டீச்சருக்குச் சொல்லி அனுப்பினார். டீச்சரும் ஒப்புக்கொண்டார்.

எங்களில் ஒருவருக்கும் தெரியாத சங்கதி ஒன்று தரகருக்குத் தெரிந்திருந்தது. சௌந்தரத்துக்கு ஊரில் மாப்பிள்ளை பார்த்து முடித்துவிட்டார்கள். "படிப்பு போதும், வா" என்று அப்பா வண்டி கட்டி வந்தபோது, "அணியில் இருக்கிற பெண்ணை வருஷம் முடியுமுன் அனுப்ப மாட்டேன்" என்று பெரிய டீச்சர் நிறுத்தி வைத்திருந்தார். இன்னும் இரண்டு பெண்களுக்கும் இதே கதை. அணி கலைந்தால் மறுநாள் மூன்று வண்டிகள் வாசலில் நிற்கும், மூன்று பேரின் டீச்சர் படிப்பும் பாதியில் போகும். பசுவுக்குத் தவிடு வைக்கும்போது சௌந்தரம் இதைத் தரகரிடம் சொல்லி அழுதிருக்கிறாள். எனக்கு இது மறு வருஷம்தான் தெரிந்தது.

ஞாயிறு காலை பள்ளிப் புளியமரத்தடியில் ஒன்பது பேரும் உட்கார்ந்தோம். தரகர் அந்தக் கணக்கில் இல்லை, ஓரமாக உட்கார்ந்திருந்தார். தோப்பு முதலாளி நடுவில். அவர் எதிரில் யார் வாயைத் திறப்பது? நாயரே கொட்டாவி விட்டாரே தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. சன்னலுக்குப் பின்னால் பெண்களின் தலைகள் தெரிந்தன. அப்போது தரகர் எழுந்து தோளிலிருந்து துண்டை எடுத்து உதறினார்.

"மொகத்துக்கு மொகம் சொல்லச் சங்கடமா இருந்தா துண்டுக்குள்ள சொல்லுங்க. நிறுத்தணும்னா என் ஒத்தை விரலைப் புடிங்க. நடத்தணும்னா அஞ்சு விரலையும் சேத்துப் புடிங்க. எனக்கு இதுல சொந்த வெலை கிடையாது, நான் தரகன்."

தோப்பு முதலாளிக்கு அது பிடித்திருந்தது. துண்டுத் தரகர் சொல்லுக்கு மறுசொல் கிடையாதே! தரகர் ஒவ்வொருவரிடமாக வந்தார். என் முறை வந்தது. உண்மையைச் சொல்கிறேன். அணி தோற்றுத் திரும்பியதும், பள்ளி நோட்டில் ஒட்டி வைக்க வேண்டிய தந்தியை ஒவ்வொரு தடவையும் நான்தான் கொண்டுபோய்ச் சௌந்தரத்தின் கையில் கொடுப்பேன். அவள் வாங்கிக்கொண்டு, "அடுத்த தடவை பாப்போம் சார்" என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பை இன்னொரு தடவை பார்க்க எனக்குத் தெம்பில்லை. துண்டுக்குள் அவருடைய ஒற்றை விரலைப் பிடித்தேன். மாட்டுக் கயிறு பிடித்துக் காய்த்துப்போன விரல். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

ஒன்பது பேரையும் முடித்துவிட்டுத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "ஒருத்தரு ஒத்தை விரலு. மிச்சம் எட்டுப் பேரும் அஞ்சு விரலு. ஆடட்டும்."

"அந்த ஒருத்தரு யாருங்க?" என்றார் டிரைவர்.

"துண்டுக்குள்ள நடந்தது துண்டோட போச்சு."

எனக்கு முகம் வேர்த்துவிட்டது. நிறுத்தச் சொன்ன டிரைவர் உட்பட அத்தனை பேரும் அந்தப் பிள்ளைகளை நம்ப, நான் ஒருவன் மட்டும் கைவிட்டிருக்கிறேன்! சன்னல் பக்கம் ஒரே கூச்சல், சிரிப்பு. தோப்பு முதலாளி மட்டும் துண்டையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாவத்தைக் கழுவ மறுநாளே மைதானத்துக்குத் தண்ணீர்க் குடம் சுமக்க ஆரம்பித்தேன். விசித்திரம், எல்லாருமே அப்படித்தான் மாறிப்போனார்கள். நாயர் தினமும் சுக்குக் காபி கொண்டுவந்தார். டிரைவர் ஆட்டத்துக்கு முந்தின நாளே பெண்களை மதுரைக்கு ஏற்றிப் போனார், கணவாயில் அவர்களை இறங்க விடாமல் அவரும் கண்டக்டரும் தள்ளினார்கள். தோப்பு முதலாளி ஆளை விட்டுத் தரையைச் செம்மண் போட்டு அடித்துக் கொடுத்தார், மேற்பார்வைக்கு அவரே வெயிலில் நின்றார். ஒருவர் முகத்தை ஒருவர் சரியாகப் பார்ப்பதில்லை என்பது மட்டும் புரியாத புதிராக இருந்தது.

அந்த வருஷக் கடைசியில், பன்னிரண்டுக்குப் பதினொன்று என்று ஒரு தந்தி வந்தது. பன்னிரண்டு எங்களுடையது. நான் சட்டைப் பொத்தானைக்கூடப் போடாமல் ஓடினேன். ஊரே கூடிவிட்டது. தரகர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "சௌந்தரம் குதிகால் எப்பிடி இருக்காம்?" சௌந்தரம் படிப்பை முடித்து, காமயகவுண்டன்பட்டிப் பக்கம் டீச்சரானாள். அவள் வகுப்புப் பெண்களும் பந்து ஆடினார்கள் என்று கேள்வி.

யுத்தம் முடிந்து இரண்டு வருஷம் கழித்து நாயர் கடையை மூடிக்கொண்டு கோட்டயம் புறப்பட்டார். பஸ் ஏறப் போகிறவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார்.

"சாரே, மனசுல ஒரு பாரம். அன்னைக்கு அந்த ஒத்தை விரல்... அது நானாக்கும். தினமும் தம்ளர் உடைஞ்சா நான் எந்தா செய்யும்?"

"நீங்களா? அது நான்!" என்றேன்.

இருவரும் டிரைவரைப் பார்த்தோம். அவர் ஸ்டீரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். "நான்தான்யா. கணவாயில பொம்பளப் புள்ளைக வண்டி தள்ளுறதைப் பாக்கச் சகிக்கல."

பஸ் அன்றைக்கு ஒரு மணி நேரம் தாமதம். மூவருமாகத் தோப்பு முதலாளி வீட்டுக்குப் போனோம். கதவைச் சாத்திக்கொண்டுதான் ஒப்புக்கொண்டார். மிச்சமிருந்த ஐந்து பேரையும் ஒவ்வொருவராகப் பிடித்தோம். கடைசிக் கணக்கு இது: ஐந்து விரல் பிடித்தவர்கள் இரண்டே பேர். ஒற்றை விரல் ஏழு.

தரகரைத் தேடி ஓடினேன். வாய்க்கால் கரையில் காளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது.

"ஆயுசுக்கும் துண்டு விஷயத்துல பொய்யே சொல்லாதவர்னு உங்களை நம்பினோமே! ஏழு பேரைப் போய் ஒருத்தர்னு சொல்லிட்டீங்களே!"

தரகர் காளையின் முதுகைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"அந்த ஒருத்தரு நீங்கன்னு நெனச்சீகள்ல?"

"ஆமா."

"அதுக்காகத்தான தண்ணி சொமந்தீக?"

அவர் கரையேறி வந்தார். ஈரத் துண்டை என் கைமேல் போட்டு, உள்ளே என் ஐந்து விரல்களையும் சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். காளை வாய்க்காலை விட்டு ஏறி, பக்கத்து வயலில் நெல்லை மேயத் தொடங்கியது. இருவரும் பார்த்துக்கொண்டுதான் நின்றோம். அவர் என் கையை விடவில்லை, எனக்கும் எடுத்துக்கொள்ள மனசு வரவில்லை.